உள்நாட்டுச் சேவையும் வெளிநாட்டுச் சேவையும்: தாமிரபரணிப் படுகையில் செய்தி ஒலி, ஒளிபரப்பின் எல்லைகள்

ஆய்வுச் சுருக்கம்

உள்நாட்டு நேயர்களுக்கும் அயல்நாட்டு நேயர்களுக்கும் தனித்தனியே நடத்தப்பட்ட செய்தி அலைவரிசைகளை ஒன்றாக்குவது அண்மைக்காலத்தில் பொது ஒளிபரப்பு நிறுவனங்களிடையே பரவிவரும் போக்காகும். இப்போக்கு பெரும்பாலும் செலவுக் குறைப்பு என்ற கோணத்திலேயே விளக்கப்படுகிறது. உள்நாடு, வெளிநாடு என்னும் பாகுபாடே நிருவாக வசதிக்காக வரையப்பட்டது என்பதையும், தாமிரபரணிப் படுகையில் அது நடைமுறையில் ஒருபோதும் முழுமையாகச் செல்லுபடியாகவில்லை என்பதையும் திருநெல்வேலி, தூத்துக்குடி வானொலி நிலையங்களின் வரலாற்றையும் தூர்தர்ஷனின் அலைவரிசை மாற்றங்களையும் முன்வைத்து இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: அகில இந்திய வானொலி, தூர்தர்ஷன், இலங்கை வானொலி, பொதிகை, தூத்துக்குடி, அலைவரிசை இணைப்பு

முன்னுரை

2023 ஏப்ரல் 3 அன்று பிபிசி நிறுவனம், பிரித்தானிய மக்களுக்கென நடத்திவந்த செய்தி அலைவரிசையையும் பிற நாடுகளுக்கென நடத்திவந்த பிபிசி வேர்ல்டு நியூஸ் அலைவரிசையையும் ஒன்றாக்கியது. முன்னது 1997இல் தொடங்கப்பட்டு உரிமக் கட்டணத்தால் நடந்தது. பின்னது விளம்பரத்தையும் சந்தாவையும் நம்பி நடந்தது. ஒரே நிறுவனத்தின் இரு அலைவரிசைகளைப் பிரித்து வைத்திருந்தது செய்தியின் தன்மையைவிடப் பணம் வந்த வழியே என்று சொல்வது மிகையாகாது. இணைப்புக்குப் பின்னரும், பிரித்தானியாவில் பெருநிகழ்வு நேரும்போது அந்நாட்டு நேயர்களுக்கு மட்டும் தனி ஒளிபரப்பைத் திறந்துவிடும் ஏற்பாடு வைத்துக்கொள்ளப்பட்டது. உலகச் செய்தி ஓடிக்கொண்டிருக்கையில் உள்ளூர்க்காரருக்குத் தனிவழி தேவைப்படும் என்பதை இணைத்தவர்களே ஒப்புக்கொண்டிருந்தனர்.

இந்தியாவில் இத்தகைய இணைப்பு அறிவிப்பு ஆரவாரம் இன்றி வேறு வடிவில் நிகழ்ந்தது. அயல்நாட்டு நேயர்களுக்கென 1995இல் தூர்தர்ஷன் தொடங்கிய பன்னாட்டு அலைவரிசை, பின்னர் டிடி இந்தியா எனப் பெயர் பெற்றது. 2003 நவம்பரில் தொடங்கிய டிடி நியூஸ், இந்தியிலும் ஆங்கிலத்திலும் உள்நாட்டாருக்குச் செய்தி தந்தது. 2019க்குப் பிந்தைய சீரமைப்பில் டிடி நியூஸ் இந்தி அலைவரிசையானது. ஆங்கிலச் செய்தி டிடி இந்தியாவிடம் ஒப்படைக்கப்பட்டது. தில்லியில் ஆங்கிலச் செய்தி கேட்கும் இந்தியரும் வெளிநாட்டவரும் அதன்வழி ஒரே அலைவரிசையின் நேயர்களாயினர். உள்நாட்டு ஆங்கிலச் சேவையும் பன்னாட்டுச் சேவையும் ஒன்றானதே இதன் உள்ளடக்கம். ஆனால் மொழிவாரிப் பிரிப்பு என்ற பெயரில் நடந்ததால் இதனை ஓர் இணைப்பாகப் பலர் கருதவில்லை.

இச்சீரமைப்பின் அடிப்படையில் ஓர் எடுகோள் உள்ளது. வெளிநாட்டோடு பேசுவதற்குரிய மொழி ஆங்கிலம். தமிழ் முதலானவை மாநிலத்திற்குள் பேசுவதற்குரியவை என்பதே அது. இவ்வெடுகோளைச் சோதித்துப் பார்க்கத் திருநெல்வேலியைவிடப் பொருத்தமான களம் குறைவு. பொதிகை மலையில் தோன்றும் தாமிரபரணி, புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கிறது. வளைகுடாவின் மறுகரை இலங்கை. வ.உ.சிதம்பரனார் 1906இல் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டதற்கு, அவ்வழியில் ஏற்கெனவே சரக்கும் ஆளும் மிகுதியாகச் சென்றுவந்தமையே காரணம். அத்தூத்துக்குடி 1986 வரை திருநெல்வேலி மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது.

கொழும்பிலிருந்து வந்த குரல்

சென்னை வானொலி நிலையம் 1938இலும் திருச்சிராப்பள்ளி நிலையம் 1939இலும் தொடங்கின. தென்கோடி மாவட்டங்களுக்கென ஒரு நிலையம் அமைய மேலும் கால் நூற்றாண்டு ஆயிற்று. அவ்விடைக்காலத்தில் தாமிரபரணிப் படுகையில் வானொலிப் பெட்டி வைத்திருந்தோர்க்குத் தெளிவாகக் கிடைத்த தமிழ்க்குரல்களுள் முதன்மையானது கொழும்பினுடையது. இரண்டாம் உலகப்போரின்போது நேச நாட்டுப் படைகளுக்காக நிறுவப்பட்ட ஒலிபரப்பி, போருக்குப் பின் இலங்கை அரசின் கைக்கு வந்து இலங்கை வானொலியாக வளர்ந்தது. 1950இல் அதன் வர்த்தக சேவை தொடங்கியது. அகில இந்திய வானொலியில் திரையிசைக்கு இடமில்லாதவாறு 1952இல் அமைச்சர் பி.வி.கேஸ்கர் மேற்கொண்ட கெடுபிடி, தென்மாவட்ட நேயர்களை முழுமையாகக் கொழும்பின் பக்கம் தள்ளியது. எஸ்.பி.மயில்வாகனமும், பின்னாளில் கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீது, ராஜேஸ்வரி சண்முகம் முதலியோரும் திருநெல்வேலி வீடுகளில் அயல்நாட்டு அறிவிப்பாளர்களாகக் கருதப்படவில்லை. இழந்த நேயர்களை மீட்க 1957இல் விவிதபாரதி தொடங்கப்பட்டதை வானொலி வரலாற்றாசிரியர்கள் பலரும் குறிப்பிடுவர்.

பொதுவாகக் கவனிக்கப்படாத செய்தி ஒன்றுண்டு. கொழும்பு நிலையம் தன் நாட்டாருக்கு ஒரு தமிழ்ச் சேவையும் தென்னிந்தியாவை நோக்கி வேறொரு தமிழ்ச் சேவையும் நடத்தியது. மன்னார் வளைகுடாவின் இக்கரையில் இரண்டுமே கேட்டன. தமக்கென அனுப்பப்பட்டது எது, பிறர்க்கென அனுப்பப்பட்டது எது என்று நேயர்கள் பிரித்தறியவில்லை. அதற்கான தேவையும் அவர்களுக்கு இல்லை. மத்திய அலையில் தரையை ஒட்டிச் செல்லும் பகுதி, நிலத்தைவிட உப்புநீரின்மீது குறைந்த இழப்புடன் நெடுந்தொலைவு செல்லும். எனவே நிலவழித் தொலைவு ஒத்திருப்பினும், உள்நாட்டு நிலையம் மங்கலாகவும் கடல்கடந்த நிலையம் தெளிவாகவும் கேட்பது கடலோர ஊர்களில் இயல்பே.

பாளையங்கோட்டையும் தூத்துக்குடியும்

1963 டிசம்பர் 1 அன்று திருநெல்வேலி வானொலி நிலையம் பாளையங்கோட்டையில் தொடங்கியது. இன்றைய தமிழ்நாட்டு எல்லைக்குள் இது மூன்றாவது நிலையம். கோயம்புத்தூருக்கு 1966இலும் மதுரைக்கு 1987இலும்தான் நிலையம் கிடைத்தது. 1956இல் தமிழகத்தோடு இணைந்த கன்னியாகுமரி மாவட்டமும் இதன் ஒலிபரப்பு எல்லைக்குள் வந்தது. உழவர், மகளிர், சிறுவர் நிகழ்ச்சிகளும் வட்டார வழக்கில் அமைந்த நாடகங்களும் நெல்லைச் சீமையின் பேச்சை முதன்முறையாக அரசு ஒலிவாங்கியின் முன் நிறுத்தின. செய்தி மட்டும் வேறிடத்திலிருந்து வந்தது. காலை 7.15 மணிக்குத் தில்லியிலிருந்து அஞ்சல் செய்யப்பட்ட தமிழ்ச் செய்தியும், சென்னையிலிருந்து வந்த மாநிலச் செய்தியுமே நிலையத்தின் செய்திகளாயின. சரோஜ் நாராயணஸ்வாமியின் குரலில் தமிழ் கேட்டவர்கள் அக்குரல் தில்லியிலிருந்து வருகிறது என்பதை மறந்திருந்தது உண்மை. எனினும் எது செய்தி என்பதைத் தில்லி மேசையே தீர்மானித்தது.

இதற்கு மாறான நிகழ்வு அதே மாவட்டத்தின் கடற்கரையில் நடந்தது. அகில இந்திய வானொலியின் அயல்நாட்டுச் சேவை 1939இல் பஷ்து மொழி ஒலிபரப்புடன் தொடங்கியது. பின்னர் பல மொழிகளுக்கு விரிந்த அச்சேவையில் தமிழும் சிங்களமும் இடம்பெற்றன. இலங்கையை நோக்கிய ஒலிபரப்புக்கென 200 கிலோவாட் திறன்கொண்ட மத்திய அலை ஒலிபரப்பி தூத்துக்குடியில் நிறுவப்பட்டு, 1053 கிலோஹெர்ட்சில் இயங்கியது. பாளையங்கோட்டை நிலையமோ 1197 கிலோஹெர்ட்சில் 20 கிலோவாட் திறனுடன் இயங்கியது. சொந்த மாவட்டத்து மக்களோடு பேச ஒரு பங்கு ஆற்றலும், கடலுக்கு அப்பாலுள்ளாரோடு பேசப் பத்துப் பங்கு ஆற்றலும் ஒதுக்கப்பட்டிருந்தன. அயலுறவு நோக்கில் இதில் வியப்பில்லை. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 மலையகத் தமிழரை இந்தியக் குடிமக்களாக ஏற்க வகைசெய்தது. 1983 ஜூலைப் படுகொலைகளும் 1987 முதல் 1990 வரை இந்திய அமைதிப்படை இலங்கையில் இருந்தமையும் தில்லிக்குத் தமிழில் பேசியாக வேண்டிய கட்டாயத்தை ஏற்படுத்தின.

ஆனால் 200 கிலோவாட் அலை கடலை நோக்கி மட்டும் செல்வதில்லை. திருச்செந்தூரிலும் ஸ்ரீவைகுண்டத்திலும் திருநெல்வேலியிலும் அது உரக்கவே கேட்டது. ஆவணங்களில் அயல்நாட்டு நேயர்க்கென வகுக்கப்பட்ட சேவை, நடைமுறையில் படுகை மக்களின் இன்னொரு உள்ளூர் நிலையமாயிற்று. இலங்கையில் உறவினரை உடையோரும், கொழும்பில் கடை வைத்திருந்து திரும்பியோரும், ஒப்பந்தத்தின்கீழ்த் தாயகம் திரும்பியோரும் கொழும்புச் செய்தி, தூத்துக்குடிச் செய்தி, சிற்றலையில் பிபிசி தமிழோசை ஆகியவற்றை ஒப்பிட்டுக் கேட்டனர். மூன்றையும் கேட்டுத் தாமே ஒரு முடிவுக்கு வரும் இப்பழக்கம், ஊடகக் கல்வி பாடத்திட்டமாவதற்கு வெகுமுன்பே இங்கு வேரூன்றியிருந்தது. அயல்நாட்டுச் சேவை பற்றிய ஆய்வுகள், அச்சேவை சென்றடைய எண்ணியவர்களை மட்டுமே கணக்கிட்டு, எண்ணாமலே அதனைப் பெற்றவர்களை விட்டுவிடுவது ஒரு குறையாகும்.

தொலைக்காட்சியில் மலையின் பெயர்

தொலைக்காட்சியிலும் வரிசை மாறவில்லை. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15 அன்று தொடங்கியதாயினும் அதன் ஒளிபரப்பு தென்கோடியை எட்டவில்லை. இலங்கையில் 1979இல் ஐடிஎன் நிறுவனமும் 1982இல் ரூபவாகினியும் தொடங்கியபின், தென்தமிழகக் கடற்கரை ஊர்களில் உயர்ந்த குழாய்களின்மீது ஆண்டெனாக்கள் கட்டப்பட்டன. பின்னர் 1984ஐ ஒட்டி இன்சாட்-1பி செயற்கைக்கோளின் துணையுடன் நாடெங்கும் அமைக்கப்பட்ட குறைந்த திறன் அஞ்சல் நிலையங்கள், முதன்மையாகத் தில்லி நிகழ்ச்சிகளை வாங்கித் தருவதற்கென அமைந்தவை. ஆகவே ஒரு கட்டத்தில் இப்பகுதி நேயர்க்குத் தமிழ்ச் செய்தி அயல்நாட்டிலிருந்தும் இந்திச் செய்தி தாய்நாட்டிலிருந்தும் வந்தன. எது உள்நாட்டுச் சேவை என்ற வினாவுக்கு நிலப்படம் ஒரு விடையும் வரவேற்பறை வேறொரு விடையும் தந்த காலம் அது.

1993இல் தூர்தர்ஷனின் தமிழ்ச் செயற்கைக்கோள் அலைவரிசை தொடங்கியது. அதே ஆண்டு ஏப்ரல் 14 அன்று சன் தொலைக்காட்சியும் தொடங்கியது. தனியார் அலைவரிசைக்கு அயல்நாட்டுப் பிரிவு என்றொரு துறை தொடக்கத்தில் தேவைப்படவில்லை. செயற்கைக்கோளின் நிழல் விழுந்த இடமெல்லாம் அதன் எல்லையாயிற்று. அரசு அலைவரிசைக்கு 2000இல் பொதிகை என்னும் பெயர் சூட்டப்பட்டது. அகத்தியரோடும் தமிழின் தோற்றத்தோடும் மரபு இணைத்துப் பேசும் மலையின் பெயரைச் சென்னையிலிருந்து நடக்கும் அலைவரிசைக்கு இட்டது பொருத்தமான தேர்வே. அம்மலையின் அடிவாரத்தில் அதற்கெனச் செய்திப்பிரிவு உருவானதாகக் கொள்ள வேண்டியதில்லை. பெயர் தெற்கிலிருந்தும் செய்தி வடக்கிலிருந்தும் வந்தன. 2024 ஜனவரி 19 அன்று சென்னையில் பிரதமர் தொடங்கிவைத்த புதிய வடிவில் அவ்வலைவரிசை டிடி தமிழ் ஆயிற்று. மொழியின் பெயரை இடுவதே நாடெங்கும் ஒரேசீரான முறை என்னும் நிருவாக விளக்கத்தில் குறைகாண இடமில்லை. ஓர் இடத்தின் பெயர் நீங்கி ஒரு வகைப்பாட்டின் பெயர் அமர்ந்தது என்பதை மட்டும் வரலாறு பதிவுசெய்தாக வேண்டும்.

இணைப்பில் அருகாமை

2021 அக்டோபரில், தமிழ்நாட்டு வானொலி நிலையங்களின் தனி நிகழ்ச்சிகள் குறைக்கப்பட்டு ஒரு மாநிலத் தொகுப்புக்குள் அவை கொண்டுவரப்படும் என்ற செய்தி எதிர்ப்பைக் கிளப்பியது. எந்நிலையமும் மூடப்படவில்லை என்று பிரசார் பாரதி விளக்கமளித்தது. இவ்விவாதத்தில் இருதரப்பும் நிலையம் இருப்பதா மூடப்படுவதா என்பதையே பேசின. கட்டடமும் ஒலிபரப்பியும் இருக்க, சொல்லப்படுவது வேறிடத்தில் முடிவாவது 1963 முதலே செய்தியைப் பொறுத்தவரை திருநெல்வேலியின் நிலை. தொகுப்பு முறை அந்நிலையைப் பிற நிகழ்ச்சிகளுக்கும் விரிக்கும் என்பதே உண்மையான கவலைக்குரியது.

இணைப்பை இழப்பு என்று மட்டும் எழுதுவதும் நேர்மையன்று. உயர்திறன் மத்திய அலை ஒலிபரப்பியின் மின்செலவு பெரிது; பெட்டிகளில் மத்திய அலையைத் தேடுவோர் அருகிவிட்டனர்; தமிழோசையின் சிற்றலை ஒலிபரப்பே 2017 ஏப்ரலுடன் நின்றுவிட்டது. இருந்தும் இலண்டன் இணைப்புக்கும் இங்குள்ள இணைப்புகளுக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. அங்கு ஒன்றான அலைவரிசைக்குள் உள்நாட்டார்க்கெனத் தனிவழி விடப்பட்டது. இங்குத் தாமிரபரணிப் படுகை தில்லியின் பார்வையில் உள்நாடு; கொழும்பு வெளிநாடு; டிடி இந்தியாவின் ஆங்கிலம் இரண்டுக்கும் இடைப்பட்ட பாலம். கடலுக்கு இருபுறமும் ஒரே மொழியில் பேசத் தெரிந்திருந்த தூத்துக்குடி ஒலிபரப்பின் அனுபவம் இவ்வமைப்பில் எந்தத் தலைப்பின்கீழும் வரவில்லை. பிற்காலத்தில் தமிழ் அயல்நாட்டுச் சேவை ‘திரைகடல் ஆடிவரும் தமிழ்நாதம்’ எனத் தன்னை அறிவித்துக்கொண்டது அவ்வனுபவத்தின் எச்சம் எனலாம்.

அருகாமைச் செய்தி என்பது என்ன என்பதற்கு 2023 டிசம்பர் 17, 18 நாள்களின் பெருமழை ஓர் அளவுகோல் தந்தது. காயல்பட்டினத்தில் 24 மணிநேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பதிவாயிற்று. திருநெல்வேலி சந்திப்புப் பகுதியும் ஸ்ரீவைகுண்டம், ஏரல் வட்டாரங்களும் நீரில் மூழ்கின. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் விரைவு ரயில் சுமார் 800 பயணியருடன் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோயிற்று. மின்சாரமும் கைப்பேசி இணைப்பும் அறுந்த ஊர்களில் தொலைக்காட்சி எத்தனை அலைவரிசைகளைக் கொண்டிருந்தாலும் பயனில்லை. மின்கலத்தால் இயங்கும் சிறு வானொலிப் பெட்டி ஒன்றே பேசக்கூடிய கருவி. அதில் அவ்வேளையில் கேட்கப்பட வேண்டியவை, 143 அடி உயரப் பாபநாசம் அணையிலும் 118 அடி உயர மணிமுத்தாறு அணையிலும் நீர்மட்டம் எவ்வளவு, எத்தனை கனஅடி திறக்கப்படுகிறது, அந்நீர் மருதூர் அணைக்கட்டைக் கடந்து ஸ்ரீவைகுண்டத்தை எப்போது எட்டும், எந்தப் பாலத்தில் போக்குவரத்து நின்றது என்பனவாம். இவற்றுள் ஒன்றும் மாநிலச் செய்தியின் முதல் வரியில் இடம்பெறத்தக்க அளவு பெரிதன்று. ஆற்றங்கரையில் இருப்போர்க்கு இவற்றுள் ஒன்றும் சிறிதுமன்று.