இரத்தச் சர்க்கரையை வீட்டில் அளத்தல்

நீரிழிவு உடையோர் விரல்நுனியில் ஊசியால் இலேசாகக் குத்தி, அரும்பும் ஒரு துளி இரத்தத்தைக் குளுக்கோமீட்டரில் செருகிய ஸ்ட்ரிப்பின் முனையில் தொட்டு, அந்தக் கணத்தில் இரத்தத்திலுள்ள குளுக்கோஸின் அளவைத் தாமே அறிந்துகொள்ளும் முறை இது. நம் நாட்டில் அந்த அளவு டெசிலிட்டருக்கு, அதாவது 100 மில்லிலிட்டருக்கு, இத்தனை மில்லிகிராம் என்று குறிக்கப்படும். பிரிட்டன் முதலிய தேசங்களில் வழங்கும் மில்லிமோல் கணக்கை 18 ஆல் பெருக்கினால் நம் கணக்கு வந்துவிடும். லண்டனிலுள்ள மகன் தனக்குச் சர்க்கரை 7 என்று சொன்னால், இங்குள்ள தாயார் திகைக்க வேண்டுவதில்லை, அது 126.

இம்முறை வருமுன் வீட்டில் செய்யக்கூடியதாக இருந்தது சிறுநீர்ப் பரிசோதனையே. பெனடிக்ட் கரைசல் 5 மில்லிலிட்டரில் சிறுநீர் 8 துளி விட்டு ஸ்பிரிட் விளக்கில் காய்ச்ச, நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, மிகுதியான சர்க்கரைக்குச் செங்கல் நிறம் கொள்ளும். ஆயினும் இரத்தத்தில் ஏறக்குறைய 180 ஐத் தாண்டினால்தான் சர்க்கரை சிறுநீரில் இறங்குமாதலாலும், இறங்கிய நீரும் பையில் மணிக்கணக்காய்த் தங்கியதாதலாலும், அச்சோதனை பழைய செய்தியையே சொல்லிற்று. சர்க்கரை அபாயகரமாகத் தாழ்வதைப் பற்றி அது வாய்திறந்ததேயில்லை.

ஸ்ட்ரிப்பின் நுனியில் குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ் அல்லது குளுக்கோஸ் டிஹைட்ரோஜினேஸ் என்னும் நொதி தடவப்பட்டிருக்கிறது. குளுக்கோஸ் அதனோடு கூடியவுடன் பிறக்கும் எலெக்ட்ரான்கள் மிகச் சிறிய மின்னோட்டமாகி, சில விநாடிகளில் எண்ணாகத் தோன்றுகின்றன. ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில், அளவு 100 ஆக இருக்கையில், உள்ள குளுக்கோஸ் ஒரு மைக்ரோகிராம்தான் என்பதை நினைத்தால், பேரனுக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்த கையோடு விரலைக் குத்திக்கொண்ட பாட்டிக்கு 300 காட்டியதில் வியப்பில்லை; விரலில் ஒட்டிய சாற்றின் சர்க்கரையும் சேர்ந்தே எண்ணப்பட்டது. ஸ்பிரிட் தோய்த்த பஞ்சால் துடைத்தால் போதும் என்று பலர் எண்ணுகின்றனர், அது போதாது. சோப்பும் நீரும் இட்டுக் கழுவி, ஈரம் போக நன்கு துடைத்துக்கொள்ள வேண்டும். நுனியின் நடுவைவிடப் பக்கவாட்டில் குத்துவது வலி குறைந்தது. இரத்தம் வரவில்லையென்று விரலை மாவுபோல் பிசைந்தால் திசுநீர் கலந்து கணக்குக் கெடும்.

கருவியின் துல்லியத்துக்கும் எல்லை உண்டு. 2013 ஆம் ஆண்டின் சர்வதேசத் தரவிதிப்படி, 100 க்குக் கீழே 15 மில்லிகிராமும் அதற்குமேல் நூற்றுக்கு 15 பங்கும் கூடக்குறைய இருக்கலாம். நூறு அளவீடுகளில் 95 இந்த வரம்பில் அடங்கினால் கருவி தேறிவிடும். ஆகவே அடுத்தடுத்து 182 உம் 169 உம் காட்டிய மீட்டரைப் பழுதென்று தள்ளுவது நியாயமன்று. சாப்பிட்டபின் விரல்நுனி இரத்தத்தில் சிரையில் எடுத்த இரத்தத்தைவிடச் சர்க்கரை கூடுதலாக இருப்பது இயல்பு. லேப் முடிவோடு ஒப்பிட விரும்புவோர் வெறும் வயிற்றிலேயே ஒப்பிட வேண்டும். இரத்தசோகை உள்ளவர்க்குப் பல மீட்டர்கள் உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். மூடியைத் திறந்து வைத்த ஸ்ட்ரிப் டப்பாவும், காலாவதியான ஸ்ட்ரிப்பும் நம்பத்தக்கவை அல்ல.

நீரிழிவுடைய பெரியவர்களுக்குச் சாதாரணமாகச் சொல்லப்படும் இலக்கு, உணவுக்கு முன் 80 முதல் 130 வரை, உணவுக்குப்பின் 180 க்குக் கீழ். முதியோர்க்கு இது தளர்த்தப்படும், கர்ப்பிணிகளுக்கு இறுக்கப்படும். 'சாப்பிட்ட இரண்டு மணி நேரம்' என்பது முதல் கவளத்திலிருந்து எண்ணப்படுவது. கை கழுவியதிலிருந்து அன்று. நோய் உண்டா இல்லையா என்ற நிர்ணயமோ லேப் பரிசோதனைக்கே உரியது.

மக்களை மிகவும் குழப்புவது காலைக் கணக்கு. இரவில் இரண்டு இட்லியோடு எழுந்துவிட்டு, படுக்கும்போது 128 கண்டு மகிழ்ந்த மனிதர், ஒன்றும் உண்ணாமலே விடியலில் 161 காண்கிறார். வீட்டாரோ அவர் நள்ளிரவில் அடுக்களைக்குப் போனாரென்று சந்தேகிக்கின்றனர். விடியற்காலத்தில் கார்ட்டிஸால், வளர்ச்சி ஹார்மோன் முதலியவை பெருகி, உடலை எழுப்புவதற்கென்று கல்லீரல் குளுக்கோஸை வெளிவிட, அதை அடக்கும் இன்சுலின் போதாமையால் ஏறுவதே அது. ஆயினும் காலையில் ஏறியிருக்கிறதென்று இரவு மருந்தைத் தாமே கூட்டிக்கொள்வது ஆபத்து. சில நாள் பின்னிரவு மூன்று மணிக்கு அளந்து பார்த்தால், இரவில் சர்க்கரை தாழ்கிறதா என்பது வெளிப்படும். மாற்றத்தை அதன்பின் மருத்துவர் செய்வார்.

காய்ச்சலும், புண்ணும், ஸ்டீராய்டு மருந்தும், உறக்கமின்மையும் சர்க்கரையை ஏற்றுகின்றன. சாப்பிட்டபின் நடத்தல் இறக்குகிறது. கேழ்வரகுக் கூழ் பத்தியமென்ற நம்பிக்கை பரவலாக உண்டு. மாவாக அரைத்துக் காய்ச்சிய மாவுச்சத்து விரைவில் ஜீரணமாகி ஏறுவதை, கூழ் குடித்த இரண்டாம் மணியில் மீட்டர் காட்டிக்கொடுக்கும். எண்ணோடு மணியையும், உண்டதையும், மருந்தையும் நோட்டில் குறிக்காதவர், மாதம் முழுதும் அளந்தாலும் மருத்துவரிடம் சொல்ல ஒன்றுமில்லாதவரே. மருத்துவரைப் பார்க்கும் முதல்நாள் மட்டும் பட்டினி கிடந்து நல்ல எண் கொண்டுபோகும் பழக்கமும் நம்மிடையே உண்டு. கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையிடம் அந்த வித்தை பலிப்பதில்லை.

எண் 70 க்குக் கீழே வந்தால் விசாரணை பிறகு, சிகிச்சை முதலில். வியர்வை, கைநடுக்கம், படபடப்பு, காரணமற்ற கோபம் இவை அதன் குறிகள். தெளிவோடு விழுங்கக்கூடியவர் 15 கிராம் குளுக்கோஸையோ, மூன்று நான்கு தேக்கரண்டிச் சர்க்கரையையோ நீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிஷம் கழித்து மறுபடி அளக்க வேண்டும். இதற்குக் கடலை மிட்டாய் ஏற்றதன்று, அதன் கொழுப்பு சர்க்கரை சேர்வதைத் தாமதப்படுத்தும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றலாகாது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். வாக்லிபோஸ், அகார்போஸ் மாத்திரை உண்பவர்க்கு, அம்மருந்து சாதாரணச் சர்க்கரை உடைவதையே தடுப்பதால், குளுக்கோஸ் பொடிதான் உதவும். அவர்கள் வீட்டில் அதன் டப்பா ஸ்ட்ரிப் டப்பாவின் அருகிலேயே இருக்க வேண்டும்.