கல்லாவும் கணக்கும்: நம் குடிதண்ணீரைச் சோதித்தவர்களின் கதை

ஓசூர் என்றதும் ரோஜாத் தோட்டம், சிப்காட், பெங்களூர் டிராஃபிக், இந்த மூன்றும்தான் பலருக்கும் ஞாபகம் வரும். எங்கள் பக்கத்து ஆட்களைக் கேட்டால் நான்காவதாகத் தண்ணீரையும் சேர்த்துக்கொள்வார்கள். வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவர் அட்வான்ஸ் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்பே, "இங்க காவேரியா, போரா?" என்று கேட்பார். சரி, காவேரியோ போரோ, அது குடிக்கத் தகுந்தது என்று சொன்னது யார்? எதை வைத்துச் சொன்னார்? அவருக்கு அந்த வேலையைக் கற்றுக்கொடுத்தது யார்?

நான் படிப்பது பி.காம். கெமிஸ்ட்ரியோடு உறவு பத்தாம் வகுப்போடு முடிந்துவிட்டது. ஆனாலும் இந்தக் கேள்விகளுக்குப் பின்னால் போனபோது, எங்கள் ஆடிட்டிங் பாடப் புத்தகத்தில் இருக்கிற ஒரு விஷயம் திரும்பத் திரும்ப வந்து நின்றது. அது என்ன என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் கதை.

கதை சென்னை கிண்டியில் ஆரம்பிக்கிறது. 1899-ல் அங்கே கிங் இன்ஸ்டிடியூட் தொடங்கப்பட்டது. 'கிங்' என்பது ராஜா அல்ல, டபிள்யூ.ஜி. கிங் என்ற டாக்டர். மதராஸ் மாகாணத்தின் சுகாதாரக் கமிஷனராக இருந்தவர். அம்மைத் தடுப்பூசி மருந்து தயாரிப்பதும், தண்ணீரில் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பதும் அங்கே நடந்தன. அந்தக் காலத்தின் பெரிய பயம் காலரா. 1884-ல் ராபர்ட் கோக் கல்கத்தாவில் ஒரு குளத்துத் தண்ணீரிலேயே காலராக் கிருமியைக் கண்டுபிடித்த பிறகு, தண்ணீரைச் சோதிப்பது என்றாலே கிருமியைத் தேடுவது என்றாகிவிட்டது.

ஆனால் ஓசூர் எங்கே, கிண்டி எங்கே! ஏறக்குறைய முந்நூறு கிலோமீட்டர். அப்போது நாம் சேலம் மாவட்டத்தில் இருந்தோம் (தர்மபுரி மாவட்டம் பிரிந்தது 1965-ல், கிருஷ்ணகிரி 2004-ல்). கிருமிப் பரிசோதனைக்கான தண்ணீரைக் குளிர் குறையாமல் வைத்து, ஒரு நாளைக்குள் ஆய்வுக்கூடத்தில் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் வழியிலேயே கிருமிகளின் எண்ணிக்கை மாறிவிடும். எல்லாக் கிராமத்துக் கிணற்றுக்கும் இது நடக்கிற காரியமா?

அதனால் ஊரில் இருந்த சுகாதார ஆய்வாளர், அதாவது அந்தக் காலத்து சானிட்டரி இன்ஸ்பெக்டர், கையில் ஒரு பெட்டியோடு வேலை செய்தார். பெயர் ஹாராக்ஸ் பெட்டி. முதல் உலகப்போர் காலத்தில், படை வீரர்களின் தண்ணீரைச் சுத்தம் செய்வதற்காக ஹாராக்ஸ் என்ற பிரிட்டிஷ் ராணுவ டாக்டர் உருவாக்கியது. உள்ளே ஆறு வெள்ளைக் கிண்ணம், ஒரு கறுப்புக் கிண்ணம். கறுப்புக் கிண்ணத்தில் ப்ளீச்சிங் பவுடரைக் கரைத்துக்கொள்ள வேண்டும். வெள்ளைக் கிண்ணங்களில் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி, முதலாவதில் ஒரு சொட்டு, இரண்டாவதில் இரண்டு சொட்டு என்று அந்தக் கரைசலை விட வேண்டும். அரை மணி நேரம் காத்திருந்து, ஸ்டார்ச் கலந்த ஒரு திரவத்தை விட்டால், போதுமான குளோரின் மிஞ்சியிருக்கிற கிண்ணம் நீலமாகும். முதலில் நீலமாகும் கிண்ணம் எத்தனையாவது என்று பார்த்தால், கிணற்றுக்கு எவ்வளவு பவுடர் போட வேண்டும் என்று கணக்குப் போட்டுவிடலாம். எவ்வளவு எளிமை பாருங்கள்! பள்ளிப் படிப்பு முடித்த ஒருவருக்கு ஒரே நாளில் கற்றுக்கொடுத்துவிடலாம்.

1939-ல் மதராஸ் பொது சுகாதாரச் சட்டம் வந்தது. இந்தியாவிலேயே இந்த மாதிரிச் சட்டங்களில் இதுதான் முதல். குடிதண்ணீர் கொடுப்பது உள்ளாட்சியின் கடமை என்று அது எழுதி வைத்தது. ஆக சட்டம், ஆள், பெட்டி எல்லாம் தயார். காலராவுக்கு எதிராக இது நல்ல ஏற்பாடுதான்.

ஆனால் அந்தப் பெட்டியின் கண்ணுக்குத் தெரியாத ஒன்று அதற்குள் வெளியே வந்திருந்தது. 1930-களின் ஆரம்பத்தில், அன்றைய மதராஸ் மாகாணத்தின் தெலுங்குப் பகுதியில் விவசாயிகள் தங்கள் எருதுகள் நடக்க முடியாமல் மூட்டு இறுகிப்போவதைக் கவனித்தார்கள். பிறகு மனிதர்களிடமும் அதே குறை தெரிந்தது. பல்லில் கறை, வளையாத முதுகு, மடங்காத முழங்கால். 1937-ல் கிங் இன்ஸ்டிடியூட்டின் இயக்குநராக இருந்த எச்.இ. ஷார்ட்டும் அவரோடு வேலை செய்தவர்களும் நெல்லூர் மாவட்டத்தில் ஆராய்ந்து, காரணம் குடிதண்ணீரில் உள்ள ஃபுளோரைடு என்று எழுதினார்கள். இந்தியாவில் ஃபுளோரோசிஸ் பற்றிய முதல் பெரிய அறிக்கை அதுதான்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 1901-ல் கொலராடோவுக்குப் போன மெக்கே என்ற பல் டாக்டர், அந்த ஊர்க்காரர்களின் பற்களில் பழுப்புக் கறையைப் பார்த்து முப்பது வருடம் மண்டையை உடைத்துக்கொண்டார். 1931-ல் ஒரு அலுமினியக் கம்பெனியின் வேதியியலாளர் புதிய கருவி ஒன்றில் தண்ணீரைச் சோதித்தபோதுதான் விடை கிடைத்தது. நோய் எல்லார் வாயிலும் பளிச்சென்று தெரிந்தது. காரணத்தைப் பார்க்கத்தான் கருவி இல்லை.

நம் கிருஷ்ணகிரி, தர்மபுரி மண்ணுக்குக் கீழே இருப்பது கடினப் பாறை. அந்தப் பாறையின் சில தாதுக்களில் ஃபுளோரைடு உண்டு. மழை குறைவு, தண்ணீர் பாறை இடுக்கில் வருடக்கணக்கில் தங்கும், மெல்ல மெல்ல ஃபுளோரைடு கரைந்து சேரும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் தொட்டியில் கால் டீஸ்பூன் உப்பின் எடை அளவு, அவ்வளவுதான்! நிறம், வாசம், ருசி எதுவும் மாறாது. கொதிக்க வைத்தால் போகாது, தண்ணீர் சுண்டுவதால் இன்னும் அடர்த்தியாகும்.

இங்கேதான் வரலாறு ஒரு விளையாட்டு காட்டியது. 1960-களின் வறட்சிக்குப் பிறகு யுனிசெஃப் உதவியோடு பாறையைத் துளைக்கும் ரிக் வண்டிகள் வந்தன. 1970-களில் 'இந்தியா மார்க் 2' கைபம்பு உருவானது. நம் ஊர்களில் இன்றும் சில இடங்களில் நிற்கிறதே, அதேதான். திறந்த கிணற்றிலிருந்து ஆழ்துளைக் கிணற்றுக்கு மாறியதால் காலராவும் வயிற்றுப்போக்கும் குறைய வழி பிறந்தது. அதே நேரத்தில் ஃபுளோரைடு உள்ள ஆழத்திலிருந்து குடிக்க ஆரம்பித்தோம். கிருமியை மட்டும் பார்க்கிற ஆய்வாளருக்கு அந்தத் தண்ணீர் பத்தரை மாற்றுத் தங்கம். அவர் பொய் சொல்லவில்லை. அவர் கையில் இருந்த பெட்டிக்கு அவ்வளவுதான் தெரியும்.

பிறகு கருவிகள் மெல்ல மெல்ல ஊருக்குள் வந்தன. 1971-ல் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் உருவானது. 1982-ல் மஞ்சா, மௌர்யா, ராவ் என்ற மூன்று இந்திய ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மருந்து தடவிய காகிதம் உள்ள பாட்டிலில் தண்ணீரை ஊற்றி, அறையின் சூட்டிலேயே ஒரு நாள் வைத்திருந்தால் போதும். மலக் கலப்பு இருந்தால் கறுப்பாகும். ஐஸ் பெட்டி வேண்டாம், கிண்டி வேண்டாம். ஃபுளோரைடுக்கும் சிர்கோனியம் சேர்ந்த சிவப்புச் சாயச் சோதனை வந்தது. ஃபுளோரைடு கூடக் கூட சிவப்பு வெளுத்து மஞ்சள் பக்கம் போகும். அட்டையில் உள்ள நிறங்களோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

2006-ல் மத்திய அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஒவ்வொரு ஊராட்சிக்கும் ஒரு பரிசோதனைப் பெட்டி, ஐந்து பேருக்குப் பயிற்சி. 2019-ல் வந்த ஜல் ஜீவன் திட்டத்தில் அந்த ஐந்து பேரும் ஊர்ப் பெண்களாக இருக்க வேண்டும் என்றார்கள். 2021-ல் முடிவுகளைப் பதிவேற்ற ஒரு இணையதளமும் வந்தது. 1899-ல் ஒரு டாக்டரின் ஆய்வுக்கூடத்தில் இருந்த வேலை, தண்ணீர் பிடிக்கிற பெண்ணின் கைக்கே வந்து சேர்ந்தது. சாதாரண விஷயமா இது?

நடுவில் ஒகேனக்கல். ஃபுளோரைடுக்கு நிரந்தரத் தீர்வு ஆற்றுத் தண்ணீர் என்று முடிவாகி, 1998-லேயே கர்நாடகத்தோடு உடன்பாடும் ஆனது. 2008-ல் ஜப்பான் கடனுதவியோடு அடிக்கல் நாட்டியபோது எல்லையின் இரண்டு பக்கமும் போராட்டம், கர்நாடகத் தேர்தல் வேறு. திட்டத்தைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று. ஒருவழியாக 2013 மே மாதத்தில் தொடங்கி வைக்கப்பட்டது. கிருஷ்ணகிரி, தர்மபுரி, ஓசூர் நகரங்களும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட சிறு ஊர்களும் அதற்குள் வந்தன. திட்டத்தின் பெயரிலேயே 'ஃபுளோரோசிஸ் தணிப்பு' என்று உண்டு.

அப்படியானால் பிரச்சினை தீர்ந்ததா? காவேரி வராத நாளில் அதே மேல்நிலைத் தொட்டியில் போர் தண்ணீரை ஏற்றினால், குழாயில் வருவது எந்தத் தண்ணீர்? அன்றைக்குச் சோதித்தால்தான் தெரியும். இன்னொரு பக்கம் கெலவரப்பள்ளி அணை. பெங்களூரின் கழிவு சேர்ந்து தென்பெண்ணையில் வரும்போது மலை மலையாக நுரை பொங்குவதை டிவியில் பார்த்திருப்பீர்கள். ஊராட்சிப் பெட்டியில் குளோரின், ஃபுளோரைடு, நைட்ரேட், கடினத்தன்மை எல்லாம் பார்க்கலாம். ஈயம், குரோமியம் மாதிரி உலோகங்கள் மிகச் சிறிய அளவில் கலந்திருந்தால் அதற்குப் பெரிய ஆய்வுக்கூடக் கருவி வேண்டும். தொழிற்சாலைகள் நிறைந்த எல்லை ஊருக்கு இது முக்கியம். காலராப் பெட்டி ஃபுளோரைடைப் பார்க்காத கதை இன்னொரு முறை நடக்கக் கூடாது அல்லவா?

இப்போது அந்த ஆடிட்டிங் விஷயத்துக்கு வருகிறேன். எங்களுக்கு முதலில் சொல்லித் தருவது இதுதான்: கல்லாவில் உட்காருகிறவரே கணக்கையும் எழுதக் கூடாது. அவர் திருடர் என்பதற்காக இல்லை. தவறு நடந்தால் அதைப் பார்க்க இன்னொரு கண் வேண்டும் என்பதற்காக.

இந்த விதியை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு கனடாவில் வாக்கர்டன் என்ற ஐயாயிரம் பேர் கொண்ட ஊர் சாட்சி. 2000 மே மாதத்தில் பெருமழைக்குப் பிறகு மாட்டுச் சாணத்திலிருந்த கிருமி ஒரு கிணற்றில் கலந்தது. ஏழு பேர் இறந்தார்கள், சுமார் 2300 பேர் நோயில் விழுந்தார்கள். பிறகு நடந்த விசாரணையில் தெரிந்தது என்ன? குளோரின் போட்டவர்களே அளவையும் எழுதினார்கள். பல நாட்கள் அளக்காமலேயே எண்ணைப் போட்டுவைத்தார்கள். பல வருட அனுபவம் இருந்தும், குடிநீரில் கிருமி வந்தால் என்ன ஆகும் என்று அவர்களுக்கு முறையாக யாரும் சொல்லித் தரவில்லை. தண்ணீரைச் சோதித்த தனியார் ஆய்வுக்கூடம், கெட்ட முடிவை அந்தத் தண்ணீர் நிர்வாகத்துக்கு மட்டும் அனுப்பியது. சுகாதார அதிகாரிக்கு அனுப்பவில்லை. அவர் கேட்டபோதும் தண்ணீர் நன்றாக இருக்கிறது என்றே பதில் வந்தது. குளோரின் அளவை நிற்காமல் காட்டும் ஒரு தானியங்கி மீட்டர் இருந்திருந்தால் பரவலைத் தடுத்திருக்கலாம் என்றது விசாரணை. அதன் பிறகு அந்த மாகாணத்தில் குடிநீர் ஊழியர்களுக்கான பயிற்சி, சான்றிதழ் விதிகள் கடுமையாக்கப்பட்டன. 2004-ல் வாக்கர்டனிலேயே ஒரு பயிற்சி மையம் திறந்தார்கள்.

கவனியுங்கள். அங்கே பரிசோதனை நடந்தது, சரியான விடையும் வந்தது. அந்த விடை யார் கைக்குப் போனது என்பதில்தான் ஏழு உயிர் போனது.

நம் ஊரில் தொட்டியில் ப்ளீச்சிங் பவுடர் போடுகிற டேங்க் ஆபரேட்டரே குளோரினையும் பார்த்துப் பதிவேட்டில் எழுதினால் அது கல்லாக்காரர் எழுதும் கணக்குதான், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் சரி. அதனால்தான் அந்த ஐந்து பெண்களின் பயிற்சியை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன். பவுடர் போடுவது ஒருவர், சோதிப்பது இன்னொருவர். எங்கள் பாடத்தில் இதற்கு 'இன்டர்னல் செக்' என்று பெயர்.

ஆனால் பயிற்சி என்றால் ஒரு மத்தியான வகுப்பு, டீ, போட்டோ என்று முடிந்துவிடக் கூடாது. நிற அட்டையைப் பார்ப்பது கண் சம்பந்தப்பட்ட வேலை. வெயிலில் ஒரு நிறம், டியூப் லைட்டில் ஒரு நிறம் தெரியும். மருந்துக்குக் காலாவதித் தேதி உண்டு. ஒரே தண்ணீரை இரண்டு பேர் தனித்தனியாகச் சோதித்து, ஆய்வுக்கூட விடையோடு அவ்வப்போது ஒப்பிட்டுப் பார்த்தால்தான் கை பழகும். முக்கியமாக, முடிவு மோசமாக வந்தால் யாரிடம் சொல்ல வேண்டும், எத்தனை நாளில் என்ன நடக்க வேண்டும் என்பதும் பாடத்தில் இருக்க வேண்டும். ஃபுளோரைடு 3 என்று எழுதிய பெண்ணுக்கு அந்தக் குழாயை மூட அதிகாரம் இல்லை. மூடினால் ஊர் எதைக் குடிக்கும் என்ற கேள்விக்கும் அவரிடம் பதில் இருக்க முடியாது. 125 வருடத்தில் சோதிக்கிற வேலை கிண்டியிலிருந்து தெருக்குழாய் வரை இறங்கி வந்துவிட்டது. முடிவெடுக்கிற அதிகாரம் இன்னும் அவ்வளவு தூரம் இறங்கி வரவில்லை.

என் சின்ன யோசனை ஒன்று. ஒவ்வொரு மேல்நிலைத் தொட்டியிலும் கட்டிய வருடம், மதிப்பீடு, திறந்து வைத்தவர் பெயர் எல்லாம் பெயின்டில் எழுதியிருக்கும். பக்கத்தில் நான்கு கட்டம் போட்டு தேதி, குளோரின், ஃபுளோரைடு, சோதித்தவர் கையெழுத்து என்று சாக்பீஸில் எழுத இடம் விடலாம். செலவு ஒன்றும் பெரிதாக ஆகாது. பேலன்ஸ் ஷீட்டை எல்லாரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும் என்று கம்பெனிகளுக்குச் சட்டம் இருக்கிறது. தினமும் குடிக்கிற தண்ணீரின் கணக்கையும் ஊர் பார்க்கட்டுமே!