அச்சத்தின் முகப்பு

நம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர், நண்பர் இருவருடன் சேர்ந்து மூன்றாண்டுகளாகத் திகில் விளையாட்டு ஒன்றைக் கணினிக்கென உருவாக்கி வருகிறார். பின்புலமாக நிறுவனம் ஏதும் இல்லை. இணையக் கடையில் வைப்பதற்கான முகப்போவிய வரைவுகள் மூன்றை அண்மையில் அனுப்பி, எது பொருந்தும் என்று கேட்டிருந்தார். ஒன்றில் கோரைப்பற்களுடன் பேய் முழு உருவில் நின்றது. மற்றொன்றில் பாழ்வீடும் நிலவும் பட்டமரமும் மனிதர் நால்வரும் நெருக்கியடித்தனர். மூன்றாவதில் இருட்டுக்குள் பாதி திறந்த கதவு ஒன்று மட்டும் இருந்தது. தமிழ் கற்பிக்கும் நாம் இதற்கு என்ன விடை கூறுவது என்று முதலில் தயங்கினோம். எண்ணிப் பார்த்தபோது, இது புதிய கேள்வியன்று, திகில் நூல்களின் அட்டைகள் நூறாண்டுக்கும் மேலாக எதிர்கொண்டுவரும் கேள்வியே என்பது புலனாயிற்று.

பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' 1897இல் லண்டனில் வெளிவந்தது. அதன் முதற்பதிப்பு மஞ்சள் துணிக்கட்டு. அதன்மேல் சிவப்பு எழுத்துகளில் தலைப்பும் ஆசிரியர் பெயரும் இருந்தன. கோட்டை இல்லை, வௌவால் இல்லை, பல் இல்லை. பிற்காலப் பதிப்புகளின் அட்டைகளில் ரத்தம் சொட்டும் வாய்களைப் பார்த்துப் பழகிய நமக்கு அந்த மஞ்சள் அட்டை ஏமாற்றமாகவே தோன்றும். ஆயினும் அந்தப் பிரபு யார் என்பதை வாசகர் தாமே கண்டறியும் வாய்ப்பை அது கெடுக்கவில்லை.

திகில் அட்டையின் இடர்ப்பாடு இதுதான். காதல் கதையின் அட்டையில் காதலரைக் காட்டினால் கதைக்கு இழப்பொன்றும் இல்லை. திகில் கதைக்கோ அறியாமையே முதல். அச்சந்தரும் பொருளை முகப்பிலேயே காட்டிவிட்டால் அந்த முதல் கரைந்துவிடுகிறது. காட்டாது விட்டாலோ கடையில் எவரும் நின்று பார்ப்பதில்லை. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அச்சத்திற்கு அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்கு நிலைக்களன்களைச் சொல்கிறார். முதல் மூன்றையும் ஓவியத்தில் எளிதாகத் தீட்டிவிடலாம். தமக்கு மேலானவர் முன் எழும் உள்நடுக்கமாகிய நான்காவதைத் தீட்டுவது கடினம். அட்டைக் கலைஞர்கள் முதல் மூன்றையே நாடியதில் வியப்பில்லை.

அந்த நாட்டத்தின் எல்லையை 1954இல் அமெரிக்கா கண்டது. இ.சி. நிறுவனத்தின் சித்திரக்கதை இதழொன்றின் அட்டையில், ஒரு கையில் கோடரியும் மறு கையில் பெண்ணொருத்தியின் வெட்டுண்ட தலையுமாக ஒருவன் நின்றான். செனட் துணைக்குழுவின் விசாரணையில் அந்த அட்டை எடுத்துக் காட்டப்பட்டது. பதிப்பாளர் வில்லியம் கெயின்ஸ் திகில் இதழுக்கு அது நாகரிகமான அட்டையே என்றார். தலையை இன்னும் உயர்த்திக் கழுத்திலிருந்து குருதி ஒழுகுவதைக் காட்டியிருந்தால்தான் அது அநாகரிகம் என்பது அவர் வாதம். வாதம் எடுபடவில்லை. அதே ஆண்டில் பதிப்பாளர்கள் தமக்குத் தாமே வகுத்துக்கொண்ட தணிக்கை விதிகளால் இ.சி.யின் திகில் இதழ்கள் நின்றுபோயின.

வீடியோ விளையாட்டுகள் வந்தபோது சிக்கல் தலைகீழாயிற்று. 1977இல் விற்பனைக்கு வந்த அட்டாரி இயந்திரத்தின் திரையில் தோன்றியவை சில வண்ணக் கட்டங்களே. கட்டங்களைப் பெட்டியின்மேல் அச்சிட்டு விற்க இயலாது. எனவே கிளிஃப் ஸ்போன் போன்ற ஓவியர்கள் திரையில் இல்லாத ஓர் உலகைப் பெட்டியின்மேல் தீட்டினர். 1982இல் வந்த 'ஹாண்டட் ஹவுஸ்' விளையாட்டில் ஆட்டக்காரர் இருட்டில் உலவும் இரு கண்களாக மட்டுமே தெரிவார். எஞ்சிய உடலையும் வீட்டையும் அவருடைய மனமே வரைந்துகொள்ள வேண்டும். அதற்கான வண்ணங்களைப் பெட்டியின் ஓவியம் தந்தது. அதனைப் பொய் என்று தள்ளிவிட நமக்கு மனம் வரவில்லை. ஆட்டத்தின் ஒரு பகுதி பெட்டியின்மேல் இருந்தது எனலாம்.

இந்த இடைவெளியைத் தவறாகப் பயன்படுத்தியோரும் உண்டு. விசார்ட் வீடியோ நிறுவனம் 1983இல் 'ஹாலோவீன்', 'தி டெக்சாஸ் செயின்சா மாஸக்கர்' என்னும் திரைப்படங்களின் பெயரில் இரு விளையாட்டுகளை வெளியிட்டது. உள்ளே இருந்தவை எளிய கட்ட உருவங்களே. வன்முறையைக் காரணங்காட்டிக் கடைக்காரர் பலர் அவற்றைப் பார்வைக்கு வைக்கவே மறுத்தனர். பார்ப்பவரை நிறுத்த வேண்டிய முகப்பு மேசைக்கடியில் கிடந்தது.

அடுத்த தலைமுறை இயந்திரங்கள் படங்களை ஓரளவு உள்ளவாறே காட்டத் தொடங்கியதும் அட்டையின் கடமை மாறிற்று. 2001இல் ஜப்பானின் கொனாமி வெளியிட்ட 'சைலன்ட் ஹில் 2' இங்கு நின்று நோக்கத்தக்கது. அதன் அட்டையில் இருப்பது அரக்கன் அன்று, கதைத் தலைவனும் அல்லன். ஏஞ்சலா என்னும் துணைப்பாத்திரத்தின் முகம். தலைவன் அவளைக் கல்லறைத் தோட்டத்தில் சந்திக்கிறான். வாங்குபவருக்கு அவள் யாரென்று தெரியாது. ஏதோ ஒரு துயரம் அந்த முகத்தில் இருக்கிறது என்பது மட்டும் தெரியும். ஆடி முடித்தவருக்கோ, அந்தக் கதையின் அச்சமெல்லாம் மனிதர் உள்ளத்திலிருந்தே கிளம்பியது என்பது விளங்கும். தீட்டக் கடினம் என்று நாம் கூறிய அந்த உள்நடுக்கத்தின் அருகே வந்த அட்டை இது.

பின்னர் பெட்டியே மறைந்தது. 2003இல் தொடங்கிய ஸ்டீம் இணையக் கடை காலப்போக்கில் தனியொருவர் ஆக்கங்களுக்கும் கதவைத் திறந்தது. 2017 முதல் நூறு டாலர் கட்டணம் செலுத்துவோர் எவரும் அதில் தம் விளையாட்டை விற்கலாம் என்றாயிற்று. 2024ஆம் ஆண்டில் மட்டும் அங்கு வெளிவந்தவை 18,000ஐத் தாண்டும். அந்தக் கூட்டத்தில் ஒரு விளையாட்டின் முகம், பட்டியல்களில் நீண்ட காலம் 231 பிக்சல் அகலமும் 87 பிக்சல் உயரமும் கொண்ட ஒரு கீற்று. அந்தக் கீற்றுக்குள் விருதுகளையும் பாராட்டுரைகளையும் தள்ளுபடி அறிவிப்புகளையும் திணித்தோர் பலர். 2022 செப்டம்பரில் கடை அதற்குத் தடை விதித்தது. ஓவியமும் பெயரும் துணைத்தலைப்புமே இருக்கலாம் என்பது விதி.

இவ்வளவு சிறிய இடத்தில் எது நிற்கும்? 2010இல் வெளிவந்த 'லிம்போ' விளையாட்டின் அடையாளம் கருநிழலாய் ஒரு சிறுவன், அவன் முகத்தில் இரு வெண்புள்ளிகள். அட்டாரியின் வறுமை தந்த அதே இரு கண்கள் இங்கே கலைஞரின் தேர்வாகத் திரும்பி வந்தன. 2014இல் ஸ்காட் காதன் தனியொருவராக உருவாக்கிய 'ஃபைவ் நைட்ஸ் அட் ஃப்ரெடிஸ்' இருளிலிருந்து தோன்றும் ஒரு பொம்மைக்கரடியின் முகத்தை முகப்பில் வைத்தது. அவருடைய முந்தைய விளையாட்டின் பாத்திரங்கள் அச்சமூட்டும் இயந்திரப் பொம்மைகள் போலிருப்பதாக எழுந்த குறையையே அவர் கருப்பொருளாக்கினார் என்பர். இரண்டிலும் உருவம் ஒன்றே, ஒளி சிறிதே, எஞ்சியது இருள்.

இருளிலும் ஒரு நுட்பம் உண்டு. ஸ்டீம் கடையின் பின்னணியே கருநீலம். ஓரங்களில் ஒளியின்றித் தீட்டிய படம் அதில் கரைந்துபோகும். கறுப்பின்மேல் மெல்லிய சிவப்பு எழுத்தும் அவ்வாறே. ஆகவே படத்தை நகத்தளவுக்குச் சுருக்கியும், நிறம் நீக்கியும், அதே வகையைச் சேர்ந்த பத்துப் படங்களின் நடுவே வைத்தும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். அகன்றும் உயர்ந்தும் பல வடிவங்களில் அதே ஓவியம் வெட்டப்படுமாதலால், பெயரெழுத்தை ஓவியத்தோடு பிணைக்காமல் தனியே வைத்திருப்பது நலம்.

உள்ளே இல்லாததை முகப்பில் காட்டும் பழைய வழி இன்று செல்லாது. 1983இல் பெட்டியை நம்பி வாங்கியவர் ஏமாற்றத்தோடு வீட்டிலேயே இருந்துவிட்டார். 2015 முதல் ஸ்டீமில், வாங்கிய பதினான்கு நாள்களுக்குள், இரண்டு மணி நேரத்திற்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பப் பெறலாம். மூன்றாண்டு உழைத்த மூவருக்கு இது சிறிய செய்தியன்று.

மாணவருக்கு நாம் எழுதிய விடை சுருக்கமானதே. பேயை உள்ளேயே வைத்திருங்கள், அதனைக் காண்பதற்காகத்தான் ஆட்டக்காரர் வருகிறார். இரண்டாவது வரைவு பெரிய சுவரொட்டிக்கு நன்று, நகத்தளவில் அது வெறுங்கறை. கதவை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதன் இடுக்கில் வெளிர்மஞ்சள் ஒளி சிறிது கசியட்டும், விளையாட்டின் பெயர் தொலைவிலிருந்தும் படிக்குமாறு இருக்கட்டும். எழுதி அனுப்பிய பின்னரே, அந்த மஞ்சள் எங்கிருந்து வந்தது என்று நமக்கு உறைத்தது.