வயலுக்கு விடுமுறை இல்லை

கதிர் முற்றிவிட்டால் அறுத்தாக வேண்டும். நாளைத் தள்ளிப் போட்டால் மணி உதிரும். மழை பிடித்துக்கொண்டால் கதிரிலேயே முளை விடும். கீரைக்கும் பழங்களுக்கும் அந்தப் பொறுமைகூடக் கிடையாது. நாட்டில் கொள்ளை நோய் பரவுகிறது, எல்லோரும் வீட்டுக்குள் இருங்கள் என்று அரசு ஆணையிடலாம். அந்த ஆணை பயிரின் காதில் விழுமா?

ஆகவே நோய்க் காலத்திலும் சிலர் வயலுக்குப் போயே தீர வேண்டியிருக்கிறது. அவர்களை நாடு எப்படி நடத்தியது? பாதுகாப்புத் தந்ததா, கட்டளை மட்டும் தந்ததா? ஏறத்தாழ 670 ஆண்டு இடைவெளியில் நடந்த இரண்டு நிகழ்ச்சிகளை அருகருகே வைத்துப் பார்ப்போம். ஒன்று இங்கிலாந்தில் நடந்தது, மற்றொன்று அமெரிக்காவில்.

கருப்புச் சாவு

1348-ஆம் ஆண்டுக் கோடையில் இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள டார்செட் பகுதிக்குப் பிளேக் நோய் வந்து சேர்ந்தது. அடுத்த ஆண்டுக்குள் அது நாடெங்கும் பரவிவிட்டது. இதைத்தான் வரலாற்று ஆசிரியர்கள் 'கருப்புச் சாவு' என்கிறார்கள். யெர்சினியா பெஸ்டிஸ் என்னும் பாக்டீரியா இதற்குக் காரணம். லண்டனில் அக்காலத்தில் இறந்தோரைப் புதைத்த இடுகாடு ஒன்றிலிருந்து எடுத்த எலும்பு, பற்களில் இந்தக் கிருமியின் மரபுப் பொருளைக் கண்டெடுத்து, அதன் முழு அமைப்பையும் 2011-இல் விஞ்ஞானிகள் படித்துக் காட்டினார்கள்.

மக்கள் தொகையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை மாண்டு போனார்கள். அப்படியானால் வயலில் என்ன நடந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். நிலம் குறையவில்லை. கால்நடைகள் கேட்பாரற்றுத் திரிந்தன. உழவும் அறுக்கவும் ஆள்தான் இல்லை. பொருள் குறைந்தால் விலை ஏறும் என்பது கடைக்காரருக்கு மட்டும் உரிய கணக்கு அன்று; உழைப்புக்கும் அதே கணக்குத்தான். உயிர் பிழைத்த கூலியாட்கள் கூடுதல் கூலி கேட்டார்கள். தராத பண்ணையை விட்டு, தருகிற பண்ணைக்குப் போனார்கள்.

நில உடைமையாளர்கள் அலறினார்கள். நோயின் காரணமாகப் பாராளுமன்றம் கூட முடியாத நேரம். எனவே மூன்றாம் எட்வர்டு மன்னர் தமது ஆலோசனைச் சபையைக் கொண்டே 1349 ஜூன் 18-இல் ஓர் ஆணை பிறப்பித்தார்.

அரசரின் ஆணை

ஆணை என்ன சொன்னது? உடல் வலிமை உள்ள, 60 வயதுக்கு உட்பட்ட, சொந்த நிலமோ வாணிபமோ கைத்தொழிலோ இல்லாத ஆணும் பெண்ணும், யார் வேலைக்கு அழைத்தாலும் போக வேண்டும். கூலியோ நோய் வருவதற்கு முன், 1346-ஐ ஒட்டிய ஆண்டில் வழங்கிய அதே கூலி. மறுத்தால் சிறை. ஒப்புக்கொண்ட காலம் முடியுமுன் விட்டுப் போனாலும் சிறை. உடல் வலிமை உள்ளவன் பிச்சை கேட்டால் அவனுக்குப் பிச்சை இடுவதும் குற்றம்! உணவுப் பொருள்களை நியாயமான விலைக்கே விற்க வேண்டும் என்றும் ஆணையில் ஒரு பகுதி உண்டு.

1351-இல் பாராளுமன்றம் கூடி இதையே விரிவான சட்டமாக ஆக்கியது. புல் உலர்த்துவோருக்கு நாளொன்றுக்கு 1 பென்னி. புல் அறுப்போருக்கு ஏக்கருக்கு 5 பென்னி. கதிர் அறுப்போருக்கு ஆகஸ்டு முதல் வாரத்தில் நாளொன்றுக்கு 2 பென்னி, இரண்டாம் வாரத்தில் 3 பென்னி. இதற்கு மேல் சாப்பாடோ பானமோ தரக் கூடாது. தினக்கூலிக்கு அமராமல் ஆண்டுக் கணக்கில் அமர வேண்டும். சட்டத்தை ஏற்பதாக உறுதிமொழி கூற மறுப்பவர்களைக் காலில் தொழுமரம் பூட்டி வைக்க ஊர்தோறும் ஏற்பாடு செய்ய வேண்டும். 1361-இல் மேலும் ஒரு படி போனார்கள். வேலையை விட்டு ஓடியவனின் நெற்றியில் சூட்டுக்கோலால் ஓர் எழுத்தைப் பொறிக்கலாம் என்று விதி வந்தது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். விவசாயத் தொழிலாளி இல்லாமல் நாடு நடவாது என்பதை இந்தச் சட்டங்கள் முழு மனத்துடன் ஒப்புக்கொள்கின்றன. ஆனால் அதிலிருந்து அவை எடுத்த முடிவு என்ன? நீ அவசியமானவன், ஆகவே உனக்கு நல்ல கூலி தருகிறோம் என்பதன்று. நீ அவசியமானவன், ஆகவே உனக்குப் போக உரிமை இல்லை என்பதே.

சட்டம் பலித்ததா? ஓரளவுக்குத்தான். தனி நீதிபதிகள் அமர்த்தப்பட்டு, ஆயிரக்கணக்கானோரிடம் அபராதம் வசூலிக்கப்பட்டது. ஆனாலும் அறுவடை அழிவதைக் காணப் பொறாத பண்ணையார்களே கூடுதல் கூலி கொடுத்து ஆள் பிடித்தார்கள். கூலி மெல்ல மெல்ல உயர்ந்தது. உள்ளுக்குள் கனன்ற கோபம், தலைவரி என்னும் புதிய சுமையும் சேர்ந்தபோது 1381-இல் வெடித்தது. வாட் டைலர் முதலானோர் தலைமையில் குடியானவர்கள் லண்டனுக்குள் புகுந்தார்கள். பண்ணை அடிமை முறை ஒழிய வேண்டும், விரும்பிச் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தின் பேரிலேயே வேலை செய்வோம் என்று 14 வயது மன்னர் இரண்டாம் ரிச்சர்டிடம் கேட்டார்கள். மன்னர் முதலில் இசைந்தார். கிளர்ச்சி அடங்கியதும் வாக்கை மீட்டுக்கொண்டார். ஆனால் அடுத்த நூற்றாண்டில் பண்ணை அடிமை முறை இங்கிலாந்தில் தானே உதிர்ந்து போயிற்று.

அமெரிக்க வயல்கள்

இனி அமெரிக்காவுக்குச் செல்வோம். அந்நாட்டில் தொழிலாளர்களுக்குச் சங்கம் அமைக்கும் உரிமையை 1935-ஆம் ஆண்டுச் சட்டமும், குறைந்தபட்சக் கூலி, மிகைநேர ஊதியம் ஆகியவற்றை 1938-ஆம் ஆண்டுச் சட்டமும் அளித்தன. இரண்டிலும் விவசாயத் தொழிலாளர்கள் விலக்கி வைக்கப்பட்டார்கள். தென் மாநிலப் பண்ணைகளில் உழைத்தவர்களில் மிகப் பலர் கருப்பின மக்கள். அம்மாநில அரசியல்வாதிகளின் ஆதரவு இல்லாமல் சட்டம் நிறைவேறாது என்ற நிலையில், இவர்களின் உரிமை விலையாகக் கொடுக்கப்பட்டது.

இரண்டாம் உலகப் போரின்போது வயலில் ஆள் பற்றாக்குறை ஏற்பட்டது. 1942-இல் மெக்சிகோவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை வரவழைத்தார்கள். போர் 1945-இல் முடிந்தும் இந்தத் திட்டம் 1964 வரை நீடித்தது. அதற்குள் சுமார் 46 லட்சம் ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. பிறகு 1965-இல் கலிபோர்னியாவின் டெலானோ என்னும் ஊரில் திராட்சைத் தோட்டத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். லாரி இட்லியோங் தலைமையில் பிலிப்பைன்ஸ் நாட்டவர் தொடங்கிய அதில் சீசர் சாவேஸின் சங்கமும் சேர்ந்துகொண்டது. ஐந்தாண்டுப் போராட்டம் அது. நாளெல்லாம் குனிந்தே வேலை செய்ய வைத்து முதுகெலும்பைக் கெடுத்த குட்டைக் கைப்பிடிக் களைக்கொத்து 1975-இல் கலிபோர்னியாவில் தடை செய்யப்பட்டது. அதே ஆண்டில் அம்மாநிலம் வயல் தொழிலாளருக்குச் சங்க உரிமையும் அளித்தது. நாட்டுச் சட்டம் மட்டும் முழுமையாக மாறவில்லை. மிகைநேர ஊதியத்திலிருந்து அவர்களை விலக்கும் விதி 2020-இலும் அப்படியே இருந்தது.

2020: சட்டைப் பையில் ஒரு கடிதம்

கொரோனா நோய் பரவியதால் 2020 மார்ச் 13-இல் அமெரிக்காவில் தேசிய நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. மாநிலம் மாநிலமாக ஊரடங்கு வந்தது. மார்ச் 19-இல் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் கீழ் இயங்கும் ஓர் அமைப்பு, எந்தெந்த வேலை செய்பவர்கள் அத்தியாவசியத் தொழிலாளர் என்று ஒரு பட்டியல் வெளியிட்டது. மருத்துவர், தாதியர், மின் ஊழியர் ஆகியோருடன் உணவு, விவசாயத் தொழிலாளர்களும் அதில் இடம் பெற்றார்கள்.

அந்நாட்டு வயல்களில் பயிர் வேலை செய்யும் கூலியாட்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் குடியேற்ற அனுமதி இல்லாதவர்கள். போலீசைக் கண்டால் ஒதுங்கி நடந்தவர்கள், இப்போது 'இவர் நாட்டுக்கு அத்தியாவசியமானவர்' என்று முதலாளி எழுதிக் கொடுத்த கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனார்கள். அதே மாதம் 27-இல் மக்களுக்கு உதவித் தொகை வழங்கும் சட்டம் வந்தது. பெரியவர் ஒருவருக்கு 1,200 டாலர் வரை. ஆனால் சமூகப் பாதுகாப்பு எண் இல்லாதவர்களுக்கு அது கிடையாது. உழைப்பு வேண்டும், உழைப்பவர் கணக்கில் இல்லை!

நோய் எங்கே தொற்றியது?

திறந்த வெளியில், காற்றோட்டத்தில் செய்யும் வேலைதானே, நோய் எப்படித் தொற்றும் என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. இந்த வைரஸ் நோயாளியின் மூச்சுடன் வெளிவரும் நுண்துளிகளில் பயணம் செய்கிறது. திறந்த வெளியில் அவை விரைவில் கலைந்து விடும்; மூடிய இடத்தில் தேங்கி நிற்கும். வயல் தொழிலாளிக்கு ஆபத்து வயலில் மட்டும் இல்லை. வயலுக்குப் போகும் வண்டியில் நெருக்கியடித்து உட்கார வேண்டும். இரவில் ஒரே அறையில் அடுக்குக் கட்டில்களில் பலர் படுக்க வேண்டும். காய்களைத் தரம் பிரித்துக் கட்டும் கொட்டகையில் தோளோடு தோள் நிற்க வேண்டும். காய்ச்சல் என்று சொன்னால் அன்றைய கூலி போய்விடும். ஆகவே சொல்லாமலே வேலைக்கு வந்தவர்களும் உண்டு.

விளைவு எண்களில் தெரிந்தது. கலிபோர்னியாவில் 2020 மார்ச் முதல் அக்டோபர் வரை உழைக்கும் வயதினரின் இறப்புகளை முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிட்டு ஓர் ஆய்வு நடந்தது. மொத்தத்தில் இறப்பு 22 சதவீதம் கூடியிருந்தது. உணவு, விவசாயத் தொழிலாளரிடையே 39 சதவீதம்; அவர்களுள் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரிடையே 59 சதவீதம்.

நன்மையே நடக்கவில்லை என்றும் சொல்லக் கூடாது. 2020 நவம்பர் இறுதியில் கலிபோர்னியா, வேலையிடங்களுக்குக் கட்டாயப் பாதுகாப்பு விதிகளைக் கொண்டுவந்தது. தங்குமிடம், வண்டி ஆகியவையும் அதில் அடங்கின. டிசம்பரில் தடுப்பூசிக்கு வரிசை வகுத்த ஆலோசனைக் குழு, வயல் தொழிலாளர்களை முன் வரிசையில் சேர்க்கப் பரிந்துரைத்தது. ஆனால் பட்டியலில் பெயர் சேர்ந்தது மார்ச்சில். பாதுகாப்பு வந்து சேர அறுவடைக் காலமே கடந்துவிட்டது. அனுமதி இல்லாத வயல் தொழிலாளர்களுக்குக் குடியேற்ற உரிமை தரும் மசோதா 2021 மார்ச்சில் கீழ்ச்சபையில் நிறைவேறி, மேல்சபையில் நின்று போயிற்று.

ஒரு சொல்லின் இரு பொருள்

நம் நாட்டிலும் 2020 ஊரடங்கு தொடங்கிய சில நாட்களிலேயே, மார்ச் 27-இல், வயல் வேலைக்கு மத்திய அரசு விலக்கு அளித்தது. நமக்குச் சோறு கிடைத்தது அதனால்தான். விலக்கு அளித்தது சரியே. அறிவியல் எவ்வளவு வளர்ந்தாலும் பசியைத் தள்ளிப்போட இன்னும் வழி கண்டுபிடிக்கவில்லை.

ஆனால் 'அவசியமானவர்' என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பதை வரலாறு நமக்குக் காட்டுகிறது. வேலை அவசியம் என்பது ஒன்று. வேலை செய்பவர் அவசியம் என்பது மற்றொன்று. 1349-இன் ஆணை முதற்பொருளை மட்டுமே அறிந்திருந்தது. 2020-இன் பட்டியல் இரண்டாவது பொருளைத் தாமதமாகவும் அரைகுறையாகவும் கற்றுக்கொண்டது. கொள்ளை நோய் மீண்டும் ஒரு நாள் வரத்தான் செய்யும். அன்று பட்டியல் எழுதுபவர்களில் ஒருவராக இன்று இதைப் படிக்கும் மாணவர் இருக்கலாம். பெயரை எழுதும்போதே அதன் எதிரில் முகக்கவசம், நெருக்கமில்லாத தங்குமிடம், நோய் வந்தால் கூலியோடு ஓய்வு ஆகியவற்றையும் சேர்த்து எழுதிவிடுங்கள். கதிர் காத்திருக்காது, அதை அறுப்பவரின் உயிரும் காத்திருக்காது.