செமித்தல்

செமித்தல் என்பது உண்ட உணவு வயிற்றுக்குள் கரைந்து உடம்பில் சேர்வதைக் குறிக்கும் பேச்சு வழக்குச் சொல். தேனி மாவட்டம் உத்தமபாளையம் வட்டத்திலுள்ள ஓடைப்பட்டியிலும் கம்பம் பள்ளத்தாக்கின் பிற ஊர்களிலும் அன்றாடம் புழங்குகிறது. சமித்தல் என்பது இதன் இன்னோர் உருவம். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘செரிமானம்’ என்று எழுதுவதை இலங்கைப் பாடநூல்கள் ‘சமிபாடு’ என்கின்றன. ஓடைப்பட்டிப் பாட்டி சொல்லும் ‘செமிக்கல’, கடலுக்கு அப்பால் அறிவியல் கலைச்சொல்லாக இருக்கிறது. அதைக் கொச்சை என்று ஒதுக்குவது தவறு. திருக்குறளின் 95ஆம் அதிகாரமான ‘மருந்து’, செரிப்பதை ‘அறுதல்’ என்றும் செரிக்கும் ஆற்றலைத் ‘தீ’ என்றும் சுட்டுகிறது.

சொல் உணவோடு நிற்பதில்லை. யாரையாவது வையாமல் ஒருநாளும் இருக்க முடியாத பெண்ணைப் பற்றி, “வையலேன்னா அவளுக்குச் சோறு செமிக்காது” என்பார்கள்.

உடலியலில் செரிமானம் வாயிலேயே தொடங்குகிறது. எச்சில் மாவுப்பொருளை உடைக்கிறது. இரைப்பையின் அமிலமும் பெப்சினும் புரதத்தைப் பிரிக்கின்றன. ஆனால் பெரும்பகுதி வேலை நடப்பது ஏறத்தாழ 6 மீட்டர் நீளமுள்ள சிறுகுடலில், பித்தநீரும் கணையநீரும் சேரும்போதுதான். சத்து உறிஞ்சப்படுவதும் பெரும்பாலும் அங்கேதான்.

‘செமிக்கல’ என்பது ஒரு நோயின் பெயரன்று. பல தொல்லைகளுக்கு ஒரே சொல். திராட்சைத் தோட்ட வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடிய பெண், மதியம் பந்தல் நிழலில் உட்கார்ந்து நெஞ்சுக்குழியை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு அதைச் சொல்லலாம். அவருக்கு இருப்பது உப்புசமா, புளித்த ஏப்பமா, எரிச்சலா, பசியின்மையா என்பதைக் கேட்டால்தான் தெரியும். சித்த மருத்துவம் இவற்றை மந்தம், குன்மம் என்று பிரித்துப் பேசுகிறது. குழந்தைகளுக்கு வருவது மாந்தம். இப்போது எல்லாவற்றுக்கும் ‘கேஸ்’, ‘அல்சர்’ என்ற இரண்டே சொற்கள் போதும் என்றாகிவிட்டது. அல்சர் என்பது இரைப்பையிலோ முன்சிறுகுடலிலோ விழும் புண். எண்டோஸ்கோப்பியில் பார்க்காமல் அதை உறுதியாகச் சொல்ல முடியாது. அந்தப் புண்ணுக்கு முக்கியக் காரணமான ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவைக் கண்டறிந்ததற்காக பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 2005இல் நோபல் பரிசு பெற்றனர்.

ஓமத் தண்ணீரும் சுக்குக் கசாயமும் சாதாரண உப்புசத்தைத் தணிக்கலாம். விழுங்கும்போது அடைப்பது, காரணமில்லாமல் எடை குறைவது, ரத்த வாந்தி, கருப்பாக மலம் போவது ஆகியவை இந்தக் கைவைத்தியத்தால் தீர்வன அல்ல. மருத்துவரைப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும்விட ஆபத்தானது, மாரடைப்பை ‘செமிக்கல, வாயுப் பிடிச்சிருக்கு’ என்று நினைத்துச் சோடா குடித்துப் படுத்துவிடுவது. மாரடைப்பு வலி சிலருக்கு மேல்வயிற்றிலேயே தெரியும்; சர்க்கரை நோயாளிகளுக்கு வலி இல்லாமலும் போகலாம். ஆகவே நெஞ்சுக்குழி அழுத்தத்தோடு வேர்வை, மூச்சுத்திணறல், இடது கையிலோ தாடையிலோ வலி ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் 108 ஆம்புலன்ஸை அழைத்து, மருத்துவமனையில் உடனே ஈசிஜி எடுக்க வேண்டும்.