பெயரில்லா வாரண்டு

மன்னன் பேசினான், மந்திரிகள் மகிழ்ந்தனர், மன்றத்தார் தலையசைத்தனர். ஓர் ஏடு மட்டும் தலையசைக்க மறுத்தது. ஆட்சி பீடம் அதிர்ந்தது.

ஆண்டு 1763; நாடு இங்கிலாந்து. ஏட்டின் பெயர் நார்த் பிரிட்டன். இதழின் எண் 45. எழுதியவர் ஜான் வில்க்ஸ், காமன்ஸ் சபை உறுப்பினர். ஏழாண்டுப் போருக்குப்பின் செய்துகொண்ட சமாதான உடன்படிக்கையை மூன்றாம் ஜார்ஜ் மன்னன் தன் உரையிலே போற்றிப் புகழ்ந்தான். அந்த உரை மந்திரிகள் எழுதித் தந்த உரையே என்று கூறி, ஏப்ரல் 23ஆம் நாள் வெளிவந்த இதழிலே வில்க்ஸ் அதனைக் கிழித்தெறிந்தார். பேனா முனை பட்ட இடம் மந்திரிகளின் மார்பு. ஆனால் மந்திரிகளோ, மன்னரையே தாக்கிவிட்டான் என்று முழங்கினர்.

மூன்றே நாட்களில் ஹாலிபாக்ஸ் பிரபு ஒரு வாரண்டு பிறப்பித்தார். அதிலே எவர் பெயரும் இல்லை! எழுதியவன் எவனோ, அச்சிட்டவன் எவனோ, வெளியிட்டவன் எவனோ, தேடுங்கள், பிடியுங்கள், தாள்களோடு கொண்டு வாருங்கள் என்பதே ஆணை. எந்த வீடு? ஏவலர் நினைத்த வீடு. எந்த ஆள்? ஏவலர் ஐயுற்ற ஆள். குற்றவாளி யாரென்று தெரியாமலேயே கைவிலங்கை முதலில் தயாரித்துவிட்ட விந்தையைக் காணீர்! 49 பேர் பிடிபட்டனர். அந்த இதழை அச்சிடாத அச்சக உரிமையாளர் ஒருவர்கூட நள்ளிரவில் படுக்கையிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டார்.

பிடிபட்டவர்களிலே ஹக்கிள் என்றோர் அச்சுத் தொழிலாளி. வாரக் கூலி ஒரு கினி. ஆறு மணி நேரம் காவலில் வைத்துவிட்டு அனுப்பினர். அந்த நேரத்தில் அவருக்கு மாட்டிறைச்சியும் பீரும் கொடுத்து உபசரித்தனராம்! ஹக்கிள் வழக்குத் தொடுத்தார். அடிக்கவில்லை, வையவில்லை, விருந்தல்லவா வைத்தோம், இதற்கு நஷ்ட ஈடு எதற்கு என்று வாதாடினர் ஆட்சியின் தரப்பினர். ஜூரிகள் 300 பவுன் தரச் சொன்னார்கள். அந்தத் தொழிலாளியின் ஐந்தாண்டுக் கூலியைவிட அதிகம்! தொகை மிகை என்ற முறையீட்டைத் தலைமை நீதிபதி சார்லஸ் பிராட் ஏற்கவில்லை. பறிபோனது ஆறு மணி நேரமன்று, நாட்டு மக்கள் அனைவரின் உரிமை என்பதே அவர் கண்ட உண்மை. அதே ஆண்டு டிசம்பரில் வில்க்சும் 1,000 பவுன் பெற்றார்.

மற்றொரு வழக்கு ஜான் என்டிக் என்னும் எழுத்தாளருடையது. 1762 நவம்பரில் அவர் வீட்டிலே நுழைந்த அரசரின் ஏவலர் நால்வர், நான்கு மணி நேரம் பெட்டிகளையும் மேசைகளையும் உடைத்துத் தாள்களை வாரிச் சென்றனர். இந்த வாரண்டில் என்டிக்கின் பெயர் இருந்தது. ஆனால் இன்ன தாள் என்ற வரையறை இல்லை. நாட்டின் நன்மைக்காகச் செய்தோம், நெடுங்காலமாக இப்படித்தான் செய்துவருகிறோம் என்றனர். அப்போது கேம்டன் பிரபுவாகியிருந்த பிராட், 1765இல் தீர்ப்பளித்தார். அந்த அதிகாரத்தைத் தரும் சட்டம் எங்கே? ஏட்டில் இருந்தால் காட்டுக, இல்லையேல் அது சட்டமன்று என்பது அதன் சாரம். ஆட்சியின் தேவை வேறு, ஆட்சியின் அதிகாரம் வேறு என்ற எல்லைக்கோடு அன்று அழுத்தமாக வரையப்பட்டது.

வில்க்ஸ் உத்தமரா? அல்லர். கேளிக்கைப் பிரியர், கடனாளி. ஒழுக்கத்தைக் காட்டியே அவர் உரிமையை மறுக்க முயன்றோர் அன்று பலர். ஆனால் நல்லவனுக்கு மட்டுமே உரிமை என்றால், நல்லவன் யார் என்று சொல்லும் வேலை அதிகாரியிடம் போய்ச் சேரும். பிறகு உரிமை என்று ஒன்று இருக்காது, சலுகைதான் இருக்கும். எதிர்ப்புக்குரலை எழுப்புகிறவன் எந்த நாளிலும் பெரும்பான்மையோரின் கண்ணுக்கு உத்தமனாகத் தெரிந்ததில்லை.

அலைகடலுக்கு அப்பாலும் இந்தக் கனல் மூண்டது. எவர் வீட்டிலும் நுழைந்து கடத்தற்சரக்கைத் தேடச் சுங்க அதிகாரிகளுக்கு வழங்கிய ஆணைகளை எதிர்த்து, 1761இல் பாஸ்டன் நகரிலே ஜேம்ஸ் ஓடிஸ் வாதிட்டார், தோற்றார். ஆனால் அந்த வாதம் தோற்கவில்லை. தேட வேண்டிய இடத்தையும், பிடிக்க வேண்டிய ஆளையும் பொருளையும் குறிப்பிடாத வாரண்டு செல்லாது என்று அமெரிக்க அரசியல் சட்டத்தின் நான்காம் திருத்தம் 1791இல் விதித்தது.

எல்லோருக்குமா? இல்லை! அடிமைகளின் குடிசைக்குக் கதவும் இல்லை, காவலும் இல்லை. 1850ஆம் ஆண்டுச் சட்டப்படி, தப்பியோடிய அடிமை எனப் பிடிபட்டவர் தம் பொருட்டுச் சாட்சி சொல்லவும் முடியாது. ஆண்டைக்குச் சாதகமாக முடிவு செய்தால் ஆணையருக்கு 10 டாலர். விடுதலை செய்தால் 5 டாலர்! சுதந்திரம் பேசிய நாடு, மனிதரைப் பிரித்து வைத்துப் பேசிற்று. உரிமை ஒரு சாராருக்கு மட்டும் என்றால் அதன் பெயர் ஆதிக்கம்.

இது பழங்கதைதானே என்பீர்கள். 2001இல் பயங்கரவாதத்தைக் காட்டி அமெரிக்காவில் ஒரு சட்டம் பிறந்தது. அதன் பெயரால், ஒரு பெரிய தொலைபேசி நிறுவனத்தின் வாடிக்கையாளர் யார் யாரோடு எப்போது பேசினர் என்ற பட்டியலை நாள்தோறும் தர இரகசிய நீதிமன்றம் ஆணையிட்டிருந்தது, 2013இல் அம்பலமாயிற்று. பெயரில்லா வாரண்டு, கம்பி வழியாக மறுபிறவி எடுத்துவிட்டது! 2015இல் அந்த மொத்த வேட்டைக்குச் சட்டமியற்றி முடிவு கட்டினர். காரிலே கருவி பொருத்தி 28 நாட்கள் ஒருவரைத் தொடர்ந்த வழக்கில், 2012இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் எடுத்துக்காட்டியது எதனை? 1765ஆம் ஆண்டு என்டிக் தீர்ப்பை!

நம் நாட்டிலும் இந்த வாதம் எழுந்தது. நான்காம் திருத்தம் போன்றதொரு விதி நம் அரசியல் சட்டத்தில் இல்லை என்று உச்ச நீதிமன்றத்தின் எட்டு நீதிபதிகள் 1954இல் கூறினர். 2017 ஆகஸ்டு 24இல் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்தனர். 63 ஆண்டுகள் பிடித்தன.

குற்றமற்றவனுக்குப் பயமென்ன என்று கேட்போர் இன்றும் உண்டு. ஹக்கிளும் குற்றம் நிரூபிக்கப்படாதவரே. பூட்டிய கதவு அதற்காகத் திறந்துவிடவில்லை. எனவே இளைஞர்களே, பாதுகாப்பு என்ற பெயரால் எந்தச் சட்டம் வந்தாலும், எவர் கொண்டுவந்தாலும், நாம் விரும்பும் ஆட்சியே கொண்டுவந்தாலும், மூன்று கேள்விகளை எழுப்புவோம்: யாரைத் தேடுகிறாய்? எதைத் தேடுகிறாய்? உன்னைத் தட்டிக் கேட்பவர் யார்? விடை வரும் வரையில் கேட்டுக்கொண்டே இருப்போம். விருந்து வைத்தார்கள் என்பதற்காக ஹக்கிள் வாளாவிருந்துவிடவில்லை; நாமும் இருத்தல் கூடாது.