காற்றிலும் புறம்போக்கு உண்டு: ஒரு பொம்மைக் காரின் ஆன்டெனா கதை

பழைய ரிமோட் கார்களைப் பார்த்திருப்பீங்க. உடம்பிலிருந்து தென்னை ஈர்க்கு மாதிரி ஒரு பிளாஸ்டிக் குழாய் நட்டுக்கிட்டு நிற்கும். அதன் உச்சியில் ஒரு சின்ன ரப்பர் தொப்பி. கார் ஓடினால் ஈர்க்கு வளைந்து ஆடும். இன்றைக்குக் கடையில் வாங்குகிற காரில் பெரும்பாலும் அந்த ஈர்க்கே இல்லை. எங்கே போச்சு?

"டெக்னாலஜி வளர்ந்துடுச்சு, அதான் சின்னதாயிடுச்சு" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் அது பதில் இல்லை. அந்தக் கம்பி ஏன் அவ்வளவு நீளமாக இருந்தது, பிறகு ஏன் விரல் நீளம்கூட இல்லாமல் சுருங்கியது என்று தேடிக்கொண்டு போனால், கடைசியில் ஒரு நில விவகாரத்தில் போய் நிற்கிறோம். நிலம் என்றால் மண் இல்லை, காற்றில் இருக்கும் நிலம்.

முதலில் ஒரு படகு

கதை காரில் தொடங்கவில்லை, படகில் தொடங்குகிறது. 1898 நவம்பர் 8 அன்று நிகோலா டெஸ்லாவுக்கு அமெரிக்காவில் 613,809 என்ற எண்ணுள்ள காப்புரிமை கிடைத்தது. கம்பித் தொடர்பு இல்லாமல் தூரத்திலிருந்து படகையோ வண்டியையோ இயக்கும் முறை அது. நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் தண்ணீர்த் தொட்டிக்குள் அவர் தன் சிறு படகை ஓட்டிக் காட்டினார் என்பது பலரும் கேள்விப்பட்ட கதை. பார்த்தவர்களில் சிலர் உள்ளே பழக்கிய குரங்கு இருக்கிறது என்று நினைத்தார்களாம்.

அந்தப் படகின் ரிசீவர் எப்படி வேலை செய்தது? ஒரு சிறு குடுவைக்குள் உலோகத் தூள். ரேடியோ அலை ஆன்டெனா வழியாக வந்து சேர்ந்ததும் தூள் ஒன்றோடொன்று ஒட்டி மின்சாரத்தைக் கடத்தும். உடனே ஒரு கட்டளை நிறைவேறும். அடுத்த கட்டளைக்கு முன் குடுவையைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தூளைப் பிரித்துவிட வேண்டும். இதையும் படகே தானாகச் செய்துகொண்டது. 125 வருஷத்துக்கு முந்தைய சமாச்சாரம் இது, கொஞ்சம் யோசித்துப் பாருங்க!

டெஸ்லாவின் கண் பொம்மை மேல் இல்லை, போர் மேல் இருந்தது. ஆளில்லாமல் எதிரிக் கப்பலை நோக்கிப் போகும் படகு. ஆனால் அங்கேயே ஒரு சிக்கல் எழுகிறது. நான் அனுப்பும் அலைக்கு என் படகு அசைகிறது, சரி. எதிரி அதே மாதிரி அலை அனுப்பினால்? டெஸ்லாவுக்கும் இது தெரிந்திருந்தது. இரண்டு வெவ்வேறு அலைவரிசைகள் சேர்ந்து வந்தால் மட்டுமே இயங்கும் பூட்டு ஒன்றை அவர் வடிவமைத்தார். 1903-ல் கிடைத்த 723,188 எண் காப்புரிமை அதற்கானது. 'என் கட்டளையும் அடுத்தவன் கட்டளையும் எப்படிக் கலக்காமல் இருப்பது?' இந்த ஒரு கேள்விதான் மீதிக் கதை முழுக்க வருகிறது.

பொம்மைக்குக் கிடைத்த இடம்

1937 வாக்கில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வால்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டைச் சகோதரர்கள் ரேடியோவால் இயங்கும் மாதிரி விமானத்தைப் பறக்கவிட்டார்கள். அந்த விமானம் இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கார்கள் பின்னால்தான் வந்தன. 1966-ல் இத்தாலியின் எல்-ஜி நிறுவனம் ரேடியோவால் ஓடும் ஃபெராரி மாதிரிக் கார் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1976-ல் ஜப்பானின் தமியா நிறுவனம் 12-ல் ஒரு பங்கு அளவுள்ள போர்ஷ 934 காரை ரேடியோ கன்ட்ரோலில் வெளியிட்டது. அதற்குப் பிறகுதான் இந்தப் பொழுதுபோக்கு உலகம் முழுக்கப் பற்றிக்கொண்டது.

சரி, இவ்வளவு கார்களும் எந்த அலைவரிசையில் பேசின? பெரும்பாலும் 27 மெகாஹெர்ட்ஸ். ஏன் 27? ரொம்ப நல்ல இடம் என்பதாலா? இல்லீங்க. யாருக்கும் வேண்டாத இடம் என்பதால்.

1947-ல் அட்லாண்டிக் சிட்டியில் நடந்த சர்வதேச மாநாட்டில் உலக நாடுகள் உட்கார்ந்து அலைவரிசைகளைப் பங்கு பிரித்தன. கப்பலுக்கு இது, விமானத்துக்கு இது, வானொலிக்கு இது என்று. அப்போது சில துண்டுகளைத் தனியாக ஒதுக்கினார்கள். பேசுவதற்கு அல்ல, சூடாக்குவதற்கு. தொழிற்சாலையில் பிளாஸ்டிக்கை ஒட்டும் எந்திரங்களும், மருத்துவமனையில் மூட்டுவலிக்குச் சூடு வைக்கும் டயாதெர்மி எந்திரங்களும் ரேடியோ அலையைக் கண்டபடி கசியவிடும். கசிகிறதை எல்லாம் ஒரு மூலையில் கசியட்டும் என்று விட்ட இடங்களில் ஒன்றுதான் 27.12-ஐ நடுவாகக் கொண்ட பட்டை. அங்கே போய் யாராவது பேச நினைத்தால் பேசலாம், ஆனால் இரைச்சலைப் பற்றிப் புகார் சொல்ல முடியாது. அதுதான் நிபந்தனை.

நம்ம ஊர் வருவாய்த்துறைக் கணக்கில் இதற்கு அழகான பெயர் இருக்கிறது: புறம்போக்கு. தீர்வைக் கணக்குக்குப் புறத்தே போன நிலம். இன்றைக்கு அது வசைச்சொல் ஆகிவிட்டது. ஆனால் குளம், மேய்ச்சல் வெளி, வண்டிப்பாதை, சுடுகாடு எல்லாம் இருந்தது அங்கேதான். யாருக்கும் சொந்தமில்லை, அதனால் எல்லாருக்கும் உதவும். பொம்மைக் கார்கள் குடியேறியது காற்றின் புறம்போக்கில்தான்.

ஈர்க்கு ஏன் நீளம்?

ஒளியின் வேகம் நொடிக்கு சுமார் 30 கோடி மீட்டர். அதை 2 கோடியே 70 லட்சத்தால் வகுத்தால், 27 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 11 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். ஆன்டெனா நன்றாக வேலை செய்ய அதில் கால் பங்காவது வேண்டும், அதாவது ஏறக்குறைய 2.8 மீட்டர். ஒன்றரைச் சாண் காருக்கு ஆள் உயரத்தையும் தாண்டிய கம்பியை எங்கே வைப்பது? அதனால் ஒரு சமரசம் செய்தார்கள். சுமார் அரை மீட்டர் கம்பி. மீதியை ரிசீவருக்குள் இருக்கும் ஒரு சுருள் ஈடுகட்டும். அந்தச் சுருள் அந்தக் குறிப்பிட்ட நீளக் கம்பிக்கென்றே சரிசெய்யப்பட்டது.

இந்தக் கடைசி வரிதான் முக்கியம். "ஆன்டெனாவை வெட்டாதீர்கள்" என்று பழைய கையேடுகள் சொல்வது சும்மா இல்லை. தொங்குகிற கம்பி மிச்சம் மாதிரி தெரியும், ஆனால் மிச்சம் கிடையாது. வெட்டினால் சுருளின் கணக்குக் கெடும், காரின் காது மந்தமாகும்.

இதை நான் ஏட்டில் மட்டும் படிக்கவில்லை. கப்பலில் வேலை பார்த்த என் மாமா 80-களின் கடைசியில் கொண்டுவந்த தமியா கிராஸ்ஹாப்பர் கார் இப்போது என்னிடம் இருக்கிறது. மாமா இல்லை. இடையில் யாரோ பழுது பார்க்கிறேன் என்று ஆன்டெனாவைப் பாதியாக நறுக்கியிருந்தார்கள். கார் பத்தடி தாண்டினால் நின்றுவிடும். "பழைய ரிசீவரைத் தூக்கிப் போட்டுட்டு புதுசு மாட்டு, ரெண்டு நிமிஷ வேலை" என்றார் நண்பர். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் மாமாவின் கை பட்ட ரிமோட்டுக்கு அப்புறம் வேலையே இருக்காது.

அதனால் பழைய முறையிலேயே செய்தேன். அதே கனமுள்ள கம்பியைப் பற்றவைத்து, கையேடு சொன்ன மொத்த நீளத்துக்குக் கொண்டுவந்தேன். ரிசீவரை மோட்டாரிலிருந்து முடிந்தவரை தள்ளி, பஞ்சு உள்ள இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டினேன். மோட்டாருக்குள் கரித்துண்டுகள் உரசும்போது தெறிக்கும் பொறி ஒவ்வொன்றும் ஒரு குட்டி ரேடியோ நிலையம். அதை அடக்கத்தான் மோட்டாரின் முனைகளில் 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர்களைப் பற்றவைக்கிறார்கள். ஆன்டெனாக் கம்பி பேட்டரி வயர்களைத் தொடாமல் நேரே மேலே ஏற வேண்டும். குழாய்க்குள் கம்பி நுழைய மறுத்தால் கொஞ்சம் முகப்பவுடர் தடவினால் போதும், வழுக்கிக்கொண்டு போகும். மிஞ்சுகிற கம்பியை இறுக்கிச் சுருட்டக் கூடாது. உச்சியிலிருந்து குழாயை ஒட்டிக் கீழே விட்டு, தொப்பியை மாட்டினால் ஆச்சு. கடைசியாக ரிமோட்டின் ஆன்டெனாவை மடக்கி வைத்தபடி பின்னால் நடந்து சோதித்தேன். சக்கரம் திரும்பிக்கொண்டே இருந்தது.

ஆரஞ்சு யாருடையது?

புறம்போக்கில் எல்லாரும் குடியேறினால் சண்டை வருமே? வந்தது. 27 மெகாஹெர்ட்ஸில் கார்களுக்குப் பொதுவாக 6 இடங்கள்தான்: 26.995-ல் தொடங்கி 27.255 வரை. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம்: பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம். எந்த நிறம் என்பதைத் தீர்மானிப்பது நகக்கண் அளவுள்ள ஒரு குவார்ட்ஸ் கிரிஸ்டல். ரிமோட்டில் ஒன்று, ரிசீவரில் ஒன்று. இரண்டும் ஒரே எண் இல்லை. ரிசீவரில் இருப்பது 455 கிலோஹெர்ட்ஸ் குறைவாக இருக்கும். மஞ்சள் என்றால் ரிமோட்டில் 27.145, காரில் 26.690. மாற்றி மாட்டினால் கார் அசையாது.

ஒரே மைதானத்தில் ரெண்டு பேர் ஆரஞ்சை இயக்கினால் ரெண்டு காரும் பைத்தியம் பிடித்த மாதிரி ஓடும். விமானமாக இருந்தால் விழுந்து நொறுங்கும், ஆள் தலையிலும் விழும். அதனால் கிளப்புகளில் ஒரு பலகை வைத்தார்கள். ஒவ்வொரு அலைவரிசைக்கும் ஒரு துணிக்கிளிப். கிளிப் உன் கையில் இருந்தால்தான் ரிமோட்டை ஆன் செய்யலாம். முடித்ததும் திருப்பி மாட்ட வேண்டும். கிளிப் பலகையில் இல்லையா, காத்திரு. போலீஸ் இல்லை, அபராதம் இல்லை. ஏரிப் பாசனத்தில் முறை வைத்துத் தண்ணீர் விடுவது போலத்தான்.

முறையை எந்திரம் கற்றுக்கொண்டது

1942 ஆகஸ்ட் 11 அன்று நடிகை ஹெடி லமாருக்கும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆந்தீலுக்கும் 2,292,387 எண் காப்புரிமை கிடைத்தது. டார்பிடோவை ரேடியோவில் இயக்கும்போது எதிரி குறுக்கிடாமல் இருக்க, அலைவரிசையை மாற்றிக்கொண்டே இருப்பது அவர்கள் யோசனை. தானியங்கிப் பியானோவின் துளையிட்ட காகிதச் சுருள் மாதிரி ஒன்று இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் ஓடும். மொத்தம் 88 அலைவரிசைகள், பியானோ கட்டைகளின் எண்ணிக்கை. "வைஃபையைக் கண்டுபிடித்தவர் ஹெடி லமார்" என்று பகிரப்படும் செய்தி மிகை. தாவும் யோசனை அவருக்கு முன்பும் இருந்தது, கடற்படையும் அந்தப் போரில் இதைப் பயன்படுத்தவில்லை. ஆனால் டெஸ்லாவின் பழைய கேள்விக்கு அது ஒரு தெளிவான பதில் என்பதில் சந்தேகமில்லை.

1985-ல் அமெரிக்காவின் தகவல் தொடர்பு ஆணையம் இப்படி அலையைப் பரப்பிப் பேசும் கருவிகளை உரிமம் இல்லாமல் அனுமதித்தது. எங்கே? மறுபடியும் புறம்போக்கில்தான். மைக்ரோவேவ் அடுப்பு கசியும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையும் அதில் ஒன்று. இந்தியா 2005-ல் அதே பட்டையை உரிமத்திலிருந்து விடுவித்தது. 2000-களின் நடுவில் ரிமோட் கார்களும் அங்கே குடிபெயர்ந்தன. அங்கே அலையின் நீளமே பன்னிரண்டரை சென்டிமீட்டர்தான். கால் பங்கு சுமார் 31 மில்லிமீட்டர். ஈர்க்கு மறைந்த ரகசியம் இவ்வளவுதான். புது ரிசீவரின் கம்பி நுனியில் உறை உரித்த மாதிரி தெரியும் அந்தச் சின்னத் துண்டுதான் ஆன்டெனா. இதையும் வெட்டக் கூடாது. உலோகத்திலும் கார்பன் ஃபைபரிலும் படாமல் நிமிர்த்தி வைக்க வேண்டும்.

இப்போது கிரிஸ்டலும் இல்லை, நிறமும் இல்லை, கிளிப்பும் இல்லை. முதல் நாள் 'பைண்ட்' செய்யும்போது ரிசீவர் தன் ரிமோட்டின் அடையாள எண்ணை மனப்பாடம் செய்துகொள்கிறது. அப்புறம் யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காது. கூட்டமாக இருந்தால் வேறு இடத்துக்குத் தாவிக்கொள்கிறது. துணிக்கிளிப் பலகையில் மனிதர்கள் கடைப்பிடித்த மரியாதை சில்லுக்குள் போய்விட்டது.

வைஃபை, புளூடூத், ட்ரோன், பொம்மைக் கார் எல்லாம் இன்று ஓடுவது 1947-ல் யாரும் சண்டை போட்டுக் கேட்காத ஒரு துண்டில். ஏலம் விடாமல், வேலி போடாமல் விட்ட இடம் அது. நல்ல நிலம் பங்கு போனது. கழித்துப் போட்ட இடத்தில்தான் ஊரே விளையாடுகிறது. அடுத்த முறை யாராவது யாரையாவது "புறம்போக்கு" என்று திட்டினால், கொஞ்சம் நிதானமாகக் கேளுங்க. அது அவ்வளவு மட்டமான சொல் இல்லை.